காட்டு மேல ஊருக்கு இருக்கற அதிகாரத்தைக் கேக்கறப்ப நடக்கற தப்புகள்

வன உரிமைச் சட்டம் 2006-ல பாஸ் ஆச்சு, ரூல்ஸ் 2008 ஜனவரி 1-ல வந்துச்சு, 2012 செப்டம்பர்ல அதைத் திருத்தி இன்னும் தெளிவாக்கினாங்க. இவ்வளவு வருஷம் ஆகியும் மலைக்கிராமத்துல கேட்டா "அதுவா, பட்டா குடுக்கற சட்டம்தானே"ன்னுதான் பதில் வரும், ஊர்க்காரங்க மட்டுமில்ல, தாலுகா ஆபீஸ்ல இருக்கறவங்களும் அப்படியேதான் நினைச்சிட்டு இருக்காங்க. என்னைப் பொறுத்தவரைக்கும் இதுதான் பெரிய தப்பு, மத்த தப்பு நிறைய இதுல இருந்துதான் வருது.

தனிநபர் உரிமை முக்கியமில்லன்னு நான் சொல்லவே இல்ல. உழுத நிலத்துக்கும் இருக்கற வீட்டுக்கும் ஒரு காகிதம் இல்லாம எத்தனை தலைமுறை ஃபாரஸ்ட் கார்டு வந்தாலே பயந்து நின்னிருக்காங்க. சட்டப்படி 4 ஹெக்டேர் வரைக்கும், புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேர் பேர்லயும் தரணும், விக்க முடியாது, பிள்ளைங்களுக்குப் போகும். அதுக்கு மனு போடற படிவம் ஃபார்ம் ஏ. ஆனா அதே சட்டத்துல பிரிவு 3(1)(i)-ன்னு ஒண்ணு இருக்கு, ஒரு ஊர் காலங்காலமா பாதுகாத்து, பயன்படுத்தி வந்த காட்டை இனியும் பாதுகாக்க, வளர்க்க, நிர்வாகம் பண்ண அந்த ஊர் கிராம சபைக்கே உரிமை உண்டுன்னு சொல்றது. இதுக்குத்தான் ஃபார்ம் சி. நடுவுல ஃபார்ம் பி இருக்கு, அது மேய்ச்சல், மீன், தேன், கடுக்காய், நெல்லி மாதிரி பயன்பாட்டு உரிமைக்கு. நிறைய ஊர்ல ஃபார்ம் பி போட்டுட்டு சமூக உரிமை முடிஞ்சு போச்சுன்னு விட்டுடறாங்க. தேன் எடுக்கலாம்னு ஒரு பத்திரம் வரும், ஆனா அந்தக் காட்டுல எப்ப எடுக்கணும், எவ்வளவு எடுக்கணும், வெளியாள் வந்தா என்ன பண்ணணும்னு முடிவு பண்ற அதிகாரம் வேற ஆளுகிட்டயே இருந்துடும். பி, சி ரெண்டையும் தனித்தனியா போடுங்க.

அந்த அதிகாரம் கையில வந்தா என்ன ஆகும்ங்கறதுக்கு மகாராஷ்டிரா கட்சிரோலியில மேண்டா லேகாவைப் பாருங்க. கோண்டு பழங்குடி மக்களோட சின்ன கிராமம். 2009-ல சுமார் 1,800 ஹெக்டேர் காட்டுக்கு சமூக வன உரிமை வாங்கினாங்க, நாட்டுலயே முதல் ஊர்கள்ல ஒண்ணு. வாங்கினதுக்கு அப்புறமும் மூங்கிலை வெட்டி வெளிய கொண்டு போக பாஸ் தர வனத்துறை மறுத்துச்சு. மூங்கில் மரக்கட்டைக் கணக்குல வராது, தேன், நெல்லி மாதிரி சிறு வனப்பொருள்தான்னு சட்டத்துலயே எழுதியிருக்கு, ஆனாலும் சண்டை போட வேண்டியிருந்துச்சு, 2011 ஏப்ரல்ல அப்ப மத்திய மந்திரியா இருந்த ஜெய்ராம் ரமேஷே அந்த ஊருக்கு வந்து பாஸ் புத்தகத்தைக் கையில குடுத்தாரு. 2012 ரூல்ஸ் திருத்தத்துல, சிறு வனப்பொருளைக் கொண்டு போற பாஸைக் கிராம சபையோட கமிட்டியே குடுக்கலாம்னு வந்துடுச்சு. இதுல கவனிக்க வேண்டியது, அந்த ஊர் சட்டம் வந்ததும் கூடின ஊர் இல்ல. அதுக்கு ரொம்ப வருஷம் முன்னாடியே எல்லாரும் ஒத்துக்கிட்டாத்தான் முடிவுன்னு கிராம சபை நடத்தி, படிப்பு வட்டம் வச்சுப் பேசிப் பழகினவங்க. டெல்லியிலயும் மும்பையிலயும் நம்ம சர்க்கார், நம்ம ஊர்ல நாமளே சர்க்கார்ங்கறதுதான் அவங்க கோஷம்.

அடுத்து கிராம சபை விஷயம். ஆகஸ்ட் 15-க்கு பஞ்சாயத்து ஆபீஸ்ல நடக்கற கிராம சபையில வன உரிமையையும் ஒரு பொருளா சேத்து தீர்மானம் போட்டுடலாம்னு நினைக்கறது பெரிய தப்பு. நம்ம தமிழ்நாட்டுல ஒரு பஞ்சாயத்துல பத்து பதினஞ்சு ஊர் இருக்கும், அதுல பழங்குடிங்க குடியிருக்கற பதியோ செட்டில்மென்ட்டோ ஒண்ணு ரெண்டுதான், கீழ இருக்கற ஊர்க்காரங்க கூட்டத்துல இவங்க குரலே கேக்காது. பழங்குடிப் பகுதின்னு அரசியலமைப்புல அறிவிச்ச ஐந்தாவது அட்டவணைப் பகுதி நமக்குக் கிடையாது, அதனால அந்தப் பகுதி கிராம சபைகளுக்குத் தனி அதிகாரம் தர்ற பெசா சட்டமும் இங்க செல்லாது, அது உண்மைதான். ஆனா வன உரிமைச் சட்டம் சொல்ற கிராமம்ங்கறதுல சர்வே ஆகாத குடியிருப்பு, வனக்கிராமம், பழைய செட்டில்மென்ட் எல்லாமே அடங்கும். கூட்டத்தை பதியிலயே கூட்டுங்க. 18 வயசு ஆனவங்கள்ல பாதிப் பேராவது இருக்கணும், வந்தவங்கள்ல மூணுல ஒரு பங்கு பொம்பளைங்களா இருக்கணும், இல்லன்னா அந்தத் தீர்மானத்தை மேல தள்ளிவிட ஒரு காரணம் கிடைச்சிடும். கணக்குக்காக மட்டும் பொம்பளைங்களைக் கூப்பிடாதீங்க. விறகு, கீரை, கிழங்கு, சீமார் புல் எங்கெங்க இருக்கு, எந்த மாசம் எந்த ஓடை வத்தும்னு அவங்களுக்குத்தான் நல்லா தெரியும், அவங்க இல்லாம போட்ட மேப்ல பாதிக் காடு காணாம போயிடும்.

வனத்துறை அமைச்ச கிராம வனக்குழுவையும் வன உரிமைக் குழுவையும் ஒண்ணுன்னு குழப்பிக்கறதும் நிறைய நடக்குது. முதல் குழு கூட்டு வன மேலாண்மைத் திட்டத்துல வந்தது, அதுல வனத்துறை ஆள் உள்ள உக்காந்திருப்பாரு. வன உரிமைக் குழுவை கிராம சபையே தேர்ந்தெடுக்கும், 10 முதல் 15 பேர், மூணுல ரெண்டு பங்கு பழங்குடி, மூணுல ஒரு பங்கு பொம்பளைங்க. மனுவை வாங்க வேண்டியது இந்தக் குழுதான். நேரா ரேஞ்சர் ஆபீஸ்லயோ கலெக்டர் மனு நாள்லயோ குடுத்துட்டு வந்தா அது மனுவாவே கணக்குல வராது.

எல்லையைக் குறிக்கற வேலையில அவசரப்படாதீங்க. வனத்துறை ரோந்துக்காகப் பிரிச்சு வச்ச பீட் எல்லையை அப்படியே ஊர் எல்லைன்னு எழுதிக் குடுக்கறாங்க, இல்லன்னா படிச்ச பசங்க செல்போன்ல சாட்டிலைட் படத்தைப் பாத்து ஒரே சாயங்காலத்துல கோடு போட்டு முடிச்சிடறாங்க. நடந்து போடணும், வயசானவங்களைக் கூட்டிட்டு. தேன் பாறை, சாமி இருக்கற இடம், முன்னோரைப் புதைச்ச இடம், முன்னாடி ஊர் இருந்து இப்ப புதர் மண்டிக் கிடக்கற இடம், வெயில் காலத்துல மட்டும் மாடு கொண்டு போற பள்ளம், இதெல்லாம் வருஷத்துல ஒரு தடவை போற இடமா இருந்தாலும் வழக்கமான எல்லைக்குள்ளதான் வரும். பக்கத்து ஊரோட எல்லை மோதுச்சுன்னா ரெண்டு ஊர் குழுவும் ஒண்ணா உக்காந்து பேசணும்னு ரூல்ஸ்லயே இருக்கு, அதை மனு போடறதுக்கு முன்னாடியே முடிங்க. கலெக்டர் ஆபீஸ்ல போய் ரெண்டு ஊரும் சண்டை போட்டா ரெண்டு ஃபைலும் வருஷக்கணக்கா தூங்கும். ஒரு சின்ன எச்சரிக்கை, மூலிகை எங்க இருக்குங்கறது மாதிரி விவரத்தை வெளிய போற மேப்ல போடாதீங்க, அது ஊர்கிட்டயே இருக்கட்டும்.

புலிகள் காப்பகம், சரணாலயம்னா கேக்கவே முடியாதுன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. கர்நாடகா பிலிகிரி ரங்கன் மலையில சோளகர் பழங்குடி ஊர்களுக்கு 2011-ல புலிகள் காப்பகத்துக்குள்ளயே சமூக உரிமை குடுத்தாங்க. சட்டம் பாதுகாக்கப்பட்ட பகுதிக்கும் சேத்துத்தான், உரிமையைச் சரிபாத்து முடிக்கற வரைக்கும் யாரையும் வெளியேத்தக் கூடாதுன்னு பிரிவு 4(5) சொல்லுது.

ஆதாரத்துல இன்னொரு குழப்பம். 75 வருஷ ஆதாரம் கேட்டு பழங்குடி மக்களையே அலைய விடறாங்க. அந்த 75 வருஷம் பழங்குடி அல்லாத மத்த வனவாசிகளுக்கு. பழங்குடிகள் 2005 டிசம்பர் 13-க்கு முன்னாடி அங்க இருந்தாப் போதும். ஏதாவது ரெண்டு வகை ஆதாரம் இருந்தா சரி, பெரியவங்க சொன்னதை எழுதி வாங்கினதும் ஆதாரம்தான், கல்லறையும் பழைய கிணறும் ஆதாரம்தான். தள்ளுபடி பண்ணினா எழுத்துல காரணத்தோட வாங்கிடுங்க, வாய்ல சொன்னதைக் கேட்டுட்டுத் திரும்பி வராதீங்க, மேல்முறையீட்டுக்கு 60 நாள் இருக்கு. 2019 பிப்ரவரி 13-ல, மனு தள்ளுபடி ஆனவங்களை வெளியேத்தச் சொல்லி சுப்ரீம் கோர்ட்ல உத்தரவு வந்துச்சு, அதே மாசம் 28-ல நிறுத்தி வச்சாங்க. அந்த ரெண்டு வாரமும் எவ்வளவு பேர் தூங்காம இருந்தாங்கன்னு மலையில கேட்டுப் பாருங்க, தள்ளுபடிக் காகிதத்தை ஏன் லேசா விடக்கூடாதுன்னு புரியும்.

பத்திரம் வந்த உடனே வேலை முடிஞ்சுதுன்னு உக்காந்துடற ஊர்களும் இருக்கு. ரூல்ஸ் 4(1)(e)-படி காட்டைப் பாதுகாக்க ஒரு கமிட்டி போட்டு, திட்டம் எழுதணும். இங்க வெளிய இருந்து வர்ற எங்கள மாதிரி ஆட்கள் ரெண்டு பக்கமும் சறுக்கறோம். ஒரு பக்கம், பழங்குடின்னாலே இயற்கையோட ஒண்ணா வாழறவங்க, அவங்களுக்கு விதியெல்லாம் எதுக்குன்னு புகழ்ந்துட்டுப் போயிடறோம், ஆனா அந்த ஊர்கள்ல விதிதான் ஏகப்பட்டது இருக்கு. தேன் அடையை முழுசா அறுக்காம புழு இருக்கற பாகத்தை விடணும், இந்த மரத்துல ஏறக்கூடாது, இந்தப் பாறை இந்தக் குடும்பத்துக்கு, எல்லாம் விதிதான், எழுதி வைக்கல அவ்வளவுதான். இன்னொரு பக்கம், வனத்துறை செயல்திட்டத்தை நகல் எடுத்து ஊர்த் திட்டம்னு குடுத்துடறோம்.

சோளகர்கள் விஷயத்துல இது நல்லா தெரியும். வருஷ ஆரம்பத்துல, சருகு காஞ்சும் காயாமலும் இருக்கறப்ப, தரையோட மெதுவா போற தீ வைப்பாங்க, தரகு பெங்கின்னு பேர். பிலிகிரி மலை 1974-ல சரணாலயம் ஆச்சு, தீ வைக்கறதையும் தடுத்துட்டாங்க. அதுக்கப்புறம் உண்ணிச்செடி காட்டையே மூடிடுச்சு, நெல்லி மரத்துல புல்லுருவி ஏறிடுச்சு, ரெண்டுக்கும் தீயை நிறுத்தினதுதான் காரணம்னு சோளகப் பெரியவங்க சொல்லிட்டே இருக்காங்க, அங்க வேலை செஞ்ச ஆராய்ச்சியாளர்களும் இதைப் பதிவு பண்ணியிருக்காங்க. அதுக்காக உரிமை கிடைச்சுதுன்னு இப்ப போய் அப்படியே தீ வச்சா அதுவும் தப்பு, ஏன்னா ஆள் உயரத்துக்கு உண்ணிச்செடி நிக்கற காட்டுல தீ தரையோட போகாது, மர உச்சி வரைக்கும் ஏறும். முதல்ல செடியைப் புடுங்கணும், அப்புறம் தீ வேணுமா, எந்த இடத்துல, எந்த மாசம்னு அந்த மலையைத் தெரிஞ்சவங்க சொல்லணும். இந்த மாதிரி விஷயம் எந்த நகல் திட்டத்துலயும் இருக்காது, அதனாலதான் திட்டத்தை ஊர் மொழியில ஊர்லயே எழுதணும்னு சொல்றது.

தீர்மானப் புத்தகத்துல வெறும் தாள்ல கையெழுத்து போடற பழக்கத்தையும் விட்டுடுங்க. ஒடிசா நியமகிரியில பாக்சைட் சுரங்கம் வேணுமா வேண்டாமான்னு வந்தப்ப, 2013 ஏப்ரல் 18-ல சுப்ரீம் கோர்ட் கிராம சபைங்க முடிவு பண்ணட்டும்னு சொல்லுச்சு. நூத்துக்கும் மேல ஊர் இருக்கற மலையில அரசு 12 ஊரைத்தான் தேர்ந்தெடுத்துச்சு, பன்னெண்டும் வேண்டாம்னு சொல்லிடுச்சு. அங்க இருக்கற டோங்ரியா கோண்டு பழங்குடி மக்கள் அந்த மலையை அவங்க சாமி நியம ராஜாவோட வீடுன்னு ஒவ்வொருத்தரா எழுந்து சொன்னாங்க. முன்கூட்டியே வெறும் தாள்ல கையெழுத்து வாங்கி வச்ச ஊர்ல இப்படி ஒரு நாள் வரவே வராது.

கடைசியா, பத்திரம் கைக்கு வர்ற அன்னிக்கு மேடை, மாலை, போட்டோன்னு கலெக்டர் முன்னாடி எல்லாம் வேகமா நடக்கும். அங்கயே படிச்சுப் பாக்க முடியலைன்னாலும் அன்னிக்கு ராத்திரியே ஊர்ல எல்லாருக்கும் சத்தமா படிச்சுக் காட்டுங்க. கிராம சபை பேர்ல இருக்கா, இல்ல பஞ்சாயத்து தலைவர் பேர்லயோ வனக்குழு பேர்லயோ இருக்கா, நாம நடந்து போட்ட எல்லை முழுசா வந்திருக்கா, வனத்துறை திட்டத்துக்குக் கட்டுப்பட்டதுன்னு சட்டத்துல இல்லாத நிபந்தனை எதையாவது சேத்திருக்காங்களான்னு பாருங்க. ஒண்ணு தப்பா இருந்தாலும் கிராம சபையைக் கூட்டி, என்ன தப்புன்னு தீர்மானமா எழுதி, நகல் வச்சுக்கிட்டு கலெக்டர் தலைமையில இருக்கற மாவட்டக் குழுவுக்கு அனுப்பி ரசீது வாங்கிடுங்க.