வேலை போனபின் முதல் ஆறு வாரம்: எதை முதலில் செய்வது, எப்படிச் செய்வது

2017-இல் ஒரு வெள்ளிக்கிழமை மதியம் என்னை ஒரு சின்ன மீட்டிங் அறைக்குக் கூப்பிட்டார்கள். மேசையில் இரண்டு தாள்கள், ஒரு பேனா. இருபது நிமிடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்துவிட்டேன். வீட்டுக்குப் போகும் பேருந்தில் நகலை எடுத்துப் படித்தபோதுதான் அது என்னுடைய ராஜினாமாக் கடிதம் என்று உறைத்தது. அன்றைக்கு எனக்கு யாராவது சொல்லியிருக்கக் கூடாதா என்று நினைத்தவற்றைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன். அதன்பிறகு எங்கள் பகுதியில் வேலை இழந்த பலருடன் உட்கார்ந்து இதே வேலையைச் செய்திருக்கிறேன். அவர்களிடம் கற்றதும் இதில் உண்டு.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 2014-இல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை மூடப்பட்டது. 2022-இல் மறைமலை நகரில் ஃபோர்டு கார் உற்பத்தியை நிறுத்தியது. 2025-இல் டிசிஎஸ் சுமார் 12,000 பேரைக் குறைப்பதாக அறிவித்தது. இங்கெல்லாம் நன்றாக வேலை செய்தவர்களும்தான் வெளியே வந்தார்கள். அதனால் "என்னிடம் என்ன குறை?" என்ற கேள்வியை ஒரு மாதம் தள்ளி வையுங்கள். முதலில் கையில் எடுக்க வேண்டிய வேலைகள் வேறு.

படி 1: அந்த அறையில் கையெழுத்துப் போடாதீர்கள்

நிறுவனம் உங்களை நீக்குவதும் நீங்களாக விலகுவதும் சட்டத்தின் பார்வையில் வெவ்வேறு. ஆட்குறைப்பு என்றால், ஓராண்டு தொடர்ந்து வேலை செய்த தொழிலாளிக்கு ஒரு மாத முன்னறிவிப்போ அதற்கான சம்பளமோ தர வேண்டும். அதோடு பணி முடித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரி சம்பளம் இழப்பீடாகத் தர வேண்டும். 1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறு சட்டத்தில் இருந்த இந்த உரிமை, 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பிலும் இருக்கிறது. நீங்களே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டால் இந்த இழப்பீட்டைக் கேட்க முடியாது.

மேலாளர், நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களுக்கு இது பொருந்தாது. ஆனால் உங்கள் பதவிப் பெயரில் 'மேனேஜர்' என்று இருப்பதாலேயே நீங்கள் மேலாளர் ஆகிவிட மாட்டீர்கள். தினமும் உண்மையில் என்ன வேலை செய்தீர்கள் என்பதைத்தான் நீதிமன்றங்கள் பார்க்கின்றன. சந்தேகம் இருந்தால் தேனாம்பேட்டை டிஎம்எஸ் வளாகத்தில் உள்ள தொழிலாளர் ஆணையர் அலுவலகத்திலோ, உங்கள் மாவட்டத் தொழிலாளர் துறை அலுவலகத்திலோ கேளுங்கள்.

அறையில் சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: "சார், இதை வீட்டில் படித்துப் பார்த்துவிட்டுத் திங்கட்கிழமை சொல்கிறேன். ஒரு நகல் மெயிலில் அனுப்புங்கள்." குரலை உயர்த்த வேண்டியதில்லை. 'இப்போதே கையெழுத்துப் போடாவிட்டால் ரிலீவிங் லெட்டர் கிடைக்காது' என்று யாராவது சொன்னால், அதையும் மெயிலில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

படி 2: லேப்டாப்பைத் திருப்பிக் கொடுக்கும் முன் காகிதங்களைச் சேருங்கள்

அப்பாயின்ட்மென்ட் ஆர்டர், சம்பள உயர்வுக் கடிதங்கள், கடைசி ஆறு மாதப் பே ஸ்லிப், ஃபார்ம் 16 (சம்பளத்தில் பிடித்த வரிக்கான சான்று), பி.எஃப். யு.ஏ.என். எண் (வேலை மாறினாலும் மாறாத உங்கள் பி.எஃப். எண்), இஎஸ்ஐ (தொழிலாளர் அரசு காப்பீடு) எண், மருத்துவக் காப்பீட்டு அட்டை. எல்லாமே உங்கள் சொந்தக் காகிதங்கள்தான். சொந்த மெயிலுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். நிறுவனத்தின் கோப்புகள், வாடிக்கையாளர் விவரங்கள் எதையும் தொடாதீர்கள். பின்னால் அதுவே உங்களுக்கு எதிராகத் திரும்பும்.

வங்கி, பி.எஃப்., வருமான வரிக் கணக்குகளில் அலுவலக மெயிலைக் கொடுத்திருந்தால் அன்றே மாற்றுங்கள். அப்புறம் ஓடிபி போகும் பெட்டியையே உங்களால் திறக்க முடியாது. சம்பளக் கணக்கு வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள். சில மாதம் சம்பளம் வரவில்லை என்றால் வங்கி அதைச் சாதாரண சேமிப்புக் கணக்காக மாற்றிவிடும். குறைந்தபட்ச இருப்பு இல்லை என்று சில வங்கிகளில் அபராதம் பிடிப்பார்கள்.

படி 3: உங்களுக்கு வர வேண்டிய பணத்தை நீங்களே கணக்குப் போடுங்கள்

ஒரு நோட்டில் நான்கு வரி எழுதுங்கள்: பாக்கிச் சம்பளம், எடுக்காத விடுப்புக்கான பணம், இழப்பீடும் நோட்டீஸ் சம்பளமும், கிராஜுவிட்டி (பணிக்கொடை). பாக்கிச் சம்பளத்தை விலகிய இரண்டு வேலை நாளுக்குள் தர வேண்டும் என்று ஊதியச் சட்டத் தொகுப்பு சொல்கிறது.

ஐந்து ஆண்டு தொடர்ந்து ஒரே நிறுவனத்தில் இருந்தவர்களுக்குக் கிராஜுவிட்டி உண்டு. கணக்கு சுலபம். கடைசியாக வாங்கிய அடிப்படைச் சம்பளத்தையும் பஞ்சப்படியையும் கூட்டி, 15-ஆல் பெருக்கி, 26-ஆல் வகுத்து, ஆண்டுகளால் பெருக்குங்கள். 26,000 ரூபாய், 7 ஆண்டு என்றால் 15,000 × 7 = 1,05,000 ரூபாய். கடைசி ஆண்டில் ஆறு மாதத்துக்கு மேல் இருந்திருந்தால் அதை முழு ஆண்டாகக் கணக்கிடுவார்கள். முப்பது நாளுக்குள் தர வேண்டும். நான்கு ஆண்டு முடித்து ஐந்தாம் ஆண்டில் 240 நாள் வேலை செய்தவர்களுக்கும் உண்டு என்று சென்னை உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில் சொல்லியிருக்கிறது. அந்த நிலையில் இருப்பவர்கள் கேட்காமல் விட்டுவிடாதீர்கள்.

மாதம் 21,000 ரூபாய்க்குள் வாங்கி இஎஸ்ஐ பிடித்தம் இருந்தவர்கள், கிளை அலுவலகத்தில் 'அடல் பீமித் வியக்தி கல்யாண் யோஜனா' என்று பெயரைச் சொல்லிக் கேளுங்கள். வேலை இழந்தவர்களுக்குச் சராசரி தினச் சம்பளத்தில் கால் பங்கை 90 நாள் வரை தரும் திட்டமாக இது 2018-இல் தொடங்கப்பட்டது, 2020-இல் அது பாதியாக உயர்த்தப்பட்டது. வாழ்நாளில் ஒருமுறைதான்.

படி 4: பி.எஃப். பணத்தில் அவசரப்படாதீர்கள்

வேலை போனதும் எல்லாரும் முதலில் கை வைப்பது இதில்தான். முழுவதையும் எடுப்பதற்கு முன் இரண்டு விஷயம் யோசியுங்கள். ஐந்து ஆண்டுக்குக் குறைவான சர்வீஸில் 50,000 ரூபாய் அல்லது அதற்கு மேல் எடுத்தால் டிடிஎஸ் (பணம் தரும்போதே பிடிக்கும் வரி) பிடிப்பார்கள். அதைவிடப் பெரிய நஷ்டம் பென்ஷன். பத்து ஆண்டு சர்வீஸ் இருந்தால்தான் மாத ஓய்வூதியம். ஏழாவது ஆண்டில் பென்ஷன் பங்கையும் எடுத்துவிட்டால் அந்த ஏழு ஆண்டும் கணக்கில் நிற்காது, அடுத்த வேலையில் பூஜ்யத்திலிருந்து தொடங்க வேண்டும். கணக்கை முழுவதுமாக முடித்து எடுப்பதற்கான காத்திருப்பை 2 மாதத்திலிருந்து 12 மாதமாக்க 2025 அக்டோபரில் பி.எஃப்.-ஐ நடத்தும் இபிஎஃப்ஓ அமைப்பின் அறங்காவலர் குழு முடிவெடுத்தது. ஆகவே வீட்டுச் செலவுக்கு இந்தப் பணத்தை மட்டும் நம்பித் திட்டம் போடாதீர்கள்.

நம் ஊர்க்காரர்களுக்கென்றே ஒரு சிக்கல் இருக்கிறது: இனிஷியல். ஆதாரில் 'குமார் எஸ்', பான் அட்டையில் 'சண்முகம் குமார்', பி.எஃப். கணக்கில் 'எஸ் குமார்'. நமக்கு மூன்றும் ஒரே ஆள். கம்ப்யூட்டருக்கு மூன்று பேர். எங்கள் தெருவில் ஒரு அண்ணன் இந்த ஒரு எழுத்துக்காக நான்கு மாதம் அலைந்தார். இன்றைக்கே யு.ஏ.என். தளத்தில் நுழைந்து பெயர், பிறந்த தேதி, அப்பா பெயர் மூன்றையும் ஆதாரோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வேறாக இருந்தால் 'ஜாயின்ட் டிக்ளரேஷன்' மூலம் திருத்தலாம். பழைய நிறுவனத்தின் ஒப்புதல் தேவைப்படக்கூடும் என்பதால் ஹெச்.ஆர். உங்கள் போனை எடுக்கும் காலத்திலேயே செய்துவிடுங்கள். விலகிய தேதியை அவர்கள் பதியவில்லை என்றால், கடைசிப் பங்களிப்பு வந்து இரண்டு மாதம் கழித்து நீங்களே பதியலாம்.

படி 5: வீட்டில் சொல்லுங்கள்

நான் ஒன்பது நாள் சொல்லவில்லை. காலையில் டிபன் பாக்ஸோடு கிளம்பி, நூலகத்தில் உட்கார்ந்துவிட்டு வருவேன். அந்த ஒன்பது நாளில் ஒரு காரியமும் நடக்கவில்லை. சொன்ன அன்று இரவு என் மனைவி ஒரு தாளை எடுத்து மாதச் செலவை எழுதினாள். கையிருப்பு எத்தனை மாதத்துக்கு வரும் என்று தெரிந்ததும் தூக்கம் வந்தது.

கடன் இருந்தால், தவணை தவறுவதற்கு முன்பே வங்கிக்குப் போய்ப் பேசுங்கள். அலுவலக மருத்துவக் காப்பீடு கடைசி நாளோடு போய்விடும். அதே காப்பீட்டு நிறுவனத்தில் தனிநபர் பாலிசிக்கு மாற முடியுமா என்று போகும் முன்பே கேளுங்கள். வயதான அப்பா அம்மா அந்தப் பாலிசியில் இருந்தால் இது மிகவும் முக்கியம்.

படி 6: செய்த வேலையைத் துண்டு துண்டாக எழுதுங்கள்

பெரும்பாலானவர்கள் பழைய ரெஸ்யூமேயைத் தூசி தட்டி நூறு இடத்துக்கு அனுப்புகிறார்கள். பதில் வராது, மனம் உடைந்துவிடும். அதற்கு முன் இந்தப் படியைச் செய்யுங்கள். ஒரு முழு நாள் ஆகும்.

தெரிந்த அக்கா ஒருவர் ஒன்பது ஆண்டு ஒரு பி.பி.ஓ.வில் இன்வாய்ஸ் ப்ராசஸிங் செய்தார். பில்லைப் படித்துப் பதிவு செய்யும் மென்பொருள் வந்தது, அவர் டீமே கலைந்தது. "எனக்கு வேற எதுவும் தெரியாதுப்பா, பில்லு போடுறதுதான் தெரியும்" என்றார். ஒரு கோடு போட்ட நோட்டை எடுத்துக்கொண்டு கேட்டேன்: "திங்கட்கிழமை காலை சீட்டில் உட்கார்ந்ததும் முதலில் என்னக்கா செய்வீங்க?"

சொல்லச் சொல்ல எழுதினோம். பில்லை ஆர்டரோடும் சரக்கு வந்த ரசீதோடும் ஒத்துப் பார்ப்பது. ஒத்துவராத பில்லுக்கு சப்ளையரைக் கூப்பிட்டுப் பேசுவது. ஒரே பில் இரண்டு முறை வந்திருந்தால் கண்டுபிடித்து நிறுத்துவது. மாதக் கடைசியில் பாக்கிப் பட்டியலை எக்செல்லில் போட்டு மேலே அனுப்புவது. புதிதாக வருபவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது. மொத்தம் பதினான்கு வரி வந்தது. அதில் மென்பொருள் எடுத்துக்கொண்டது நான்கு. ஒத்துவராத பில்லை அது ஓரமாகத் தள்ளி வைக்கும், அவ்வளவுதான். அதை முடித்து வைக்க ஒரு மனிதர் வேண்டும்.

அந்தப் பதினான்கு வரிகளை வைத்துக்கொண்டு, இதே வேலை வேறு எங்கே நடக்கிறது என்று தேடினோம். அம்பத்தூர், கிண்டி எஸ்டேட்டுகளில் சின்ன, நடுத்தர நிறுவனங்கள் ஒவ்வொன்றிலும் மாதாமாதம் ஒரு தலைவலி உண்டு. கொள்முதல் கணக்கையும் ஜிஎஸ்டி தளத்தில் 14-ஆம் தேதி வரும் 2பி பட்டியலையும் (சப்ளையர்கள் கணக்குக் காட்டிய பில்களின் பட்டியல்) ஒத்துப் பார்க்க வேண்டும். சப்ளையர் கணக்குக் காட்டாத பில்லுக்கு வரிச் சலுகை எடுக்க முடியாது. அவரைக் கூப்பிட்டுப் பேசியாக வேண்டும். அக்கா ஒன்பது ஆண்டாகச் செய்ததும் இதேதான், பெயர்தான் வேறு.

ரெஸ்யூமேயில் 'இன்வாய்ஸ் ப்ராசஸிங், 9 ஆண்டு அனுபவம்' என்று இருந்த ஒரு வரியை இப்படி மாற்றினோம்: 'மாதம் சுமார் 1,200 பில்களைச் சரிபார்த்தேன், ஒத்துவராதவற்றைச் சப்ளையரிடம் பேசி முடித்தேன், இரட்டைப் பில்களைக் கண்டுபிடித்து நிறுத்தினேன், புதிதாகச் சேர்ந்த 6 பேருக்குப் பயிற்சி கொடுத்தேன்.' ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை.

படி 7: ஒன்றே ஒன்றைக் கற்றுக்கொள்ளுங்கள்

நீங்கள் போக நினைக்கும் வேலைக்கான விளம்பரங்கள் இருபதை எடுங்கள். எந்தத் திறன் எத்தனை விளம்பரத்தில் வருகிறது என்று கோடு போட்டு எண்ணுங்கள். அதிகம் வருவதில் உங்களுக்குத் தெரியாத முதல் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அக்காவுக்கு அது டேலி என்ற கணக்கு மென்பொருள். இரண்டு மாதத்தில் படித்துவிட்டார். ஏதோ ஒரு விளம்பரத்தைப் பார்த்து லட்ச ரூபாய் கட்டி டேட்டா சயின்ஸ் வகுப்பில் சேர்ந்து கடனாளி ஆனவர்களையும் பார்த்திருக்கிறேன். மனம் பதறும் நேரத்தில் பெரிய தொகை எதிலும் கட்டாதீர்கள். ஐஐடிகள் நடத்தும் என்பிடெல் பாடங்களை இலவசமாகவே படிக்கலாம். சான்றிதழ் வேண்டும் என்றால் மட்டும் தேர்வுக் கட்டணம்.

படி 8: தேடுங்கள், ஆனால் ஆட்கள் வழியாக

பழைய சகாக்கள், முன்னாள் டீம் லீட், கல்லூரி நண்பர்கள் என்று முப்பது பேர் பட்டியல் போடுங்கள். "ஏதாவது வேலை இருந்தா சொல்லு" என்று எழுதினால் யாருக்கும் என்ன செய்வதென்று தெரியாது. இப்படி எழுதுங்கள்: "அண்ணா, போன மாதம் எங்கள் டீமைக் கலைத்துவிட்டார்கள். சப்ளையர் கணக்கு ஒத்துப் பார்ப்பதில் ஒன்பது ஆண்டு அனுபவம், டேலியும் தெரியும். உங்கள் கம்பெனி அக்கவுண்ட்ஸில் யாரிடம் பேசலாம்?"

கூடவே தமிழ்நாடு அரசின் தனியார் துறை வேலை இணையத்தில் பதியுங்கள், கட்டணம் இல்லை. மாவட்ட வேலைவாய்ப்பு மையங்கள் பலவற்றில் வெள்ளிக்கிழமைகளில் சின்ன முகாம் நடக்கும். கூட்டம் குறைவு, நேரில் பேசலாம்.

நேர்காணலில் ஏன் விலகினீர்கள் என்று கேட்டால் இரண்டு வாக்கியம் போதும். "நிறுவனம் டீமைக் குறைத்தது, அதில் நானும் ஒருவர். அதன்பிறகு டேலி படித்தேன்." பழைய முதலாளியைத் திட்டாதீர்கள், மறைக்கவும் செய்யாதீர்கள்.

இந்த நேரத்தில்தான் மோசடிக்காரர்களும் தேடி வருவார்கள். பதிவுக் கட்டணம், லேப்டாப் டெபாசிட், பயிற்சிக் கட்டணம் என்று எந்தப் பெயரில் பணம் கேட்டாலும் விலகிவிடுங்கள். தாய்லாந்தில் டேட்டா என்ட்ரி வேலை என்று கூட்டிக்கொண்டு போய் மியான்மர், கம்போடியாவில் சைபர் மோசடிக் கும்பலிடம் ஒப்படைக்கப்பட்டவர்களில் நம் பிள்ளைகளும் உண்டு. வெளிநாட்டு வேலை என்றால் ஏஜென்ட் மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பதிவானவரா என்று பாருங்கள். பணம் கொடுத்து ஏமாந்திருந்தால் உடனே சைபர் மோசடி உதவி எண் 1930-க்குப் போன் செய்யுங்கள். எவ்வளவு சீக்கிரம் கூப்பிடுகிறீர்களோ, பணத்தை முடக்கி வைக்க அவ்வளவு வாய்ப்பு.

படி 9: புதிய வேலையில் சேரும் நாள்

பழைய யு.ஏ.என். எண்ணையே கொடுங்கள், புதிதாக ஒன்று உருவாக்க விடாதீர்கள். பழைய நிறுவனத்தில் அந்த நிதியாண்டில் வாங்கிய சம்பளத்தையும் சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் ஆண்டு முடிவில் வரி மொத்தமாக வந்து நிற்கும். இரண்டாவது மாதம் பி.எஃப். பாஸ்புக்கைத் திறந்து, பணம் ஏறியிருக்கிறதா, பெயர் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். அந்த அக்கா இப்போது அம்பத்தூரில் ஒரு உதிரிபாக நிறுவனத்தில் இருக்கிறார். சம்பளம் முன்பு வாங்கியதைவிடக் கொஞ்சம் குறைவுதான். அந்தக் கோடு போட்ட நோட்டில் இன்னும் வரி சேர்த்துக்கொண்டிருக்கிறார். போன வாரம் பார்த்தபோது இருபத்தொன்று ஆகியிருந்தது.