காய்ந்த தொட்டியைக் கொட்டிவிடாதீர்கள்

செங்காந்தள் வளர்ப்பவர்களில் பாதிப் பேர் கொடி காய்ந்ததும் பதறிப்போகிறார்கள். வடசென்னை காலடிப்பேட்டையில் எங்கள் மொட்டைமாடியில் முதல் வருடம் நானும் பதறினேன். கார்த்திகையில் மஞ்சளும் சிவப்புமாக நின்ற கொடி, தை பிறந்ததும் வைக்கோலாகிவிட்டது. இரண்டு வேளையும் தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். மாசியில் மண்ணைக் கிளறினால் கிழங்கு கூழாகக் கிடந்தது. தூங்கப் போன கிழங்கை நானே அழுகவைத்திருக்கிறேன்!

கொடி வளரும்போதே அடியில் அடுத்த வருடத்துக்கான புதுக் கிழங்கு திரண்டுவிடும், பழசு சுருங்கிப்போகும். அதனால் இலை பழுக்கத் தொடங்கியதும் தண்ணீரைக் குறைத்து, காய்ந்ததும் அடியோடு நிறுத்திவிடுங்கள். தொட்டியை மழை படாத மூலையில் தள்ளிவிட்டு மறந்துவிடலாம். ஆடி வாக்கில் முளை எட்டிப் பார்க்கும். அப்புறம் தண்ணீர் ஊற்றினால் போதும்.

கிழங்கு கலப்பை மாதிரி வளைந்திருக்கும், கலப்பைக் கிழங்கு என்ற பெயரே அதனால்தான். முளை கிளம்புவது அதன் நுனியில். நர்சரியிலிருந்து கொண்டுவரும்போது நுனி ஒடிந்தால் கிழங்கின் அந்தக் கிளை வீண்தான். 2, 3 அங்குல ஆழத்தில் படுக்கையாக வையுங்கள்.

மண் பற்றி நமக்குக் கவலை வேண்டாம். நம் பக்கத்து மணல் கலந்த மண் இதற்குப் பிடிக்கும். தண்ணீர்தான் வம்பு. எண்ணூர், மீஞ்சூர் பக்கம் நிலத்தடி நீரில் கடல் உப்பு ஏறிப் பல வருடங்களாகின்றன. போர் தண்ணீர் கரித்தால் ஊற்றாதீர்கள். ஐப்பசி அடைமழைக்கு முன் தொட்டியின் அடி ஓட்டை அடைத்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

தடித்த மூங்கிலை நட்டுவிட்டு ‘ஏறவே மாட்டேங்குது’ என்பார்கள். இலை நுனிதான் சுருண்டு பற்றுகிறது, அதற்கு மெல்லிய குச்சியோ கயிறோ வேண்டும்.

கடைசியாக, விஷம். மாநில மலர் என்ற மரியாதையில் இதை மறந்துவிடுகிறார்கள். தோண்டிய கிழங்கை நான் ஒருமுறை சமையற்கட்டில் வைக்க, சர்க்கரைவள்ளி என்று நினைத்து அத்தை கழுவவே தொடங்கிவிட்டார். இதிலுள்ள கோல்ச்சிசின் என்ற நஞ்சு வேகவைத்தாலும் போகாது. கிழங்கு மட்டுமல்ல, விதை, இலை எல்லாமே விஷம். சாப்பிட்டுச் சில மணி நேரம் கழித்துத்தான் வாந்தியும் பேதியும் ஆரம்பிக்கும். யாராவது தெரியாமல் தின்றுவிட்டால் அதுவரை காத்திருக்காமல், கொடியில் ஒரு துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.