வீட்டில் கட்டிய கேஸ் பர்னரைக் கொல்லுலைக்கு டியூன் செய்வது எப்படி?

குழாய்த் துண்டுகளை இணைத்துச் சொந்தமாகக் கேஸ் பர்னர் கட்டுபவர்களில் பெரும்பாலோர் ஒரே இடத்தில்தான் திணறுகிறார்கள். பர்னர் பற்றிக்கொள்கிறது, நன்றாக இரைகிறது, ஆனால் இரும்பு ஆரஞ்சு நிறத்தைத் தாண்ட மறுக்கிறது. உடனே கை ரெகுலேட்டரைத் தேடிப் போகிறது. அழுத்தத்தைக் கூட்டினால் சத்தம் கூடும், சிலிண்டர் சீக்கிரம் தீரும், சூடும் கொஞ்சம் ஏறும். சுடர் மட்டும் முன்பு எப்படிக் கெட்டிருந்ததோ அப்படியேதான் இருக்கும். சுடரின் குணம் கேஸுக்கும் காற்றுக்கும் உள்ள விகிதத்தைப் பொறுத்தது. கேஸைப் பீய்ச்சும் சிறு துண்டான ஜெட்டின் துளையும், காற்று நுழையும் திறப்பும்தான் அதைத் தீர்மானிக்கின்றன. டியூன் செய்வது என்றால் இந்த இரண்டையும் சரிப்படுத்துவது. ரெகுலேட்டர் கடைசியில் வருகிற வேலை.

இங்கே சொல்வதெல்லாம் புளோயர் இல்லாத பர்னருக்கு. சிறு துளை வழியாகப் பாயும் கேஸ், போகிற வேகத்தில் சுற்றியுள்ள காற்றையும் இழுத்துக்கொண்டு கலவைக் குழாய்க்குள் நுழைகிறது. குழாயின் நீளத்தில் இரண்டும் கலந்து, விரிந்த முனையில் எரிகின்றன. துருத்தியும் விசிறியும் இல்லாததால், கேஸ் தனக்கு வேண்டிய காற்றைத் தானே இழுத்து வர வேண்டும். ஒரு பங்கு புரோப்பேன் முழுமையாக எரிய ஏறத்தாழ 24 பங்கு காற்று தேவை என்பதை நினைத்துப் பார்த்தால், அந்தச் சின்னத் துளைக்கு எவ்வளவு பெரிய பொறுப்பு என்று புரியும்.

தீ மூட்டும் முன்

திறந்த வெளியிலோ, இரண்டு பக்கமும் காற்றோட்டமுள்ள கொட்டகையிலோ மட்டும் இந்த வேலையைச் செய்யுங்கள். நன்றாக டியூன் ஆன உலையும் கார்பன் மோனாக்சைடு வெளியிடும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. கூரைக்குக் கீழே வேலை என்றால் அதைக் கண்டறியும் அலாரம் கட்டாயம் வேண்டும். புரோப்பேன் காற்றைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு கனமானது. கசிந்தால் மேலே பறந்து போகாமல் தரையில் தேங்கும். அதனால் பள்ளமான இடமும் நிலத்தடி அறையும் இந்த வேலைக்கு ஆகாது.

சமையல் அடுப்பு ரெகுலேட்டர் இதற்கு உதவாது, அது தரும் அழுத்தம் மிகக் குறைவு. 0 முதல் 30 பி.எஸ்.ஐ. (அழுத்தத்தின் அலகு) வரை திருகிக் கூட்டக்கூடிய உயர் அழுத்த ரெகுலேட்டரும், எல்பிஜிக்கென்றே செய்த ஹோஸும், பர்னருக்குப் பக்கத்தில் கேஸைத் திறந்து மூட ஒரு பால் வால்வும் (ball valve) இருக்க வேண்டும். சிலிண்டர் நிமிர்ந்து நிற்கட்டும். படுக்க வைத்தால் திரவமே ஹோஸுக்குள் வந்துவிடும். துத்தநாகப் பூச்சுள்ள ஜி.ஐ. குழாயைச் சூடாகும் பகுதியில் வைக்காதீர்கள், அதன் புகை நஞ்சு. பர்னரைப் பற்றவைக்கும் முன் கேஸைத் திறந்து, ஜெட் வரையுள்ள ஒவ்வொரு இணைப்பிலும் சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி வருகிறதா என்று பாருங்கள். தீக்குச்சி வைத்துப் பார்க்கிற பழக்கம் வேண்டவே வேண்டாம்.

உலையின் உள்சுவர் செராமிக் ஃபைபர் கம்பளம் என்றால், அதன் மேல் சூடு தாங்கும் சிமென்ட் பூசி முழுவதும் உலர்ந்திருக்க வேண்டும். பூசாத இழைகள் காற்றோட்டத்தில் பறந்து நுரையீரலுக்குள் போகும்.

1. ஜெட்டை நடுவில் நிறுத்துங்கள்

பல பர்னர்கள் இங்கேயே கெட்டுப்போகின்றன, ஆனால் யாரும் இதைச் சந்தேகிப்பதில்லை. ஜெட் ஒரு நூல் அளவு சாய்ந்திருந்தாலும் கேஸ் குழாயின் ஒரு சுவரில் உரசிக்கொண்டு போகும். காற்றை இழுக்கும் வலு அப்போதே குறைந்துவிடும். சுடரும் ஒரு பக்கம் நாக்கு நீட்டும். அதற்குப் பிறகு காற்றுத் திறப்பை எப்படித் திருப்பினாலும் பலன் இருக்காது.

சோதிக்க எளிய வழி உண்டு. ஜெட்டின் துளைக்குள் நுழையும் மெல்லிய கம்பி ஒன்றை எடுத்து, தட்டையான பலகையில் உருட்டி நன்றாக நேராக்கிக்கொள்ளுங்கள். அதை ஜெட்டில் செருகி, கலவைக் குழாயின் மறுமுனை வழியாக ஒரு கண்ணை மூடிப் பாருங்கள். கம்பியின் நுனி வட்டத்தின் நடுவில் தெரிய வேண்டும். ஓரத்துக்கு நகர்ந்திருந்தால் ஜெட்டைத் தாங்கும் பகுதியைத் தளர்த்தி, திருப்பி, மீண்டும் இறுக்குங்கள். மரை சாய்வாக வெட்டப்பட்டிருந்தால் எவ்வளவு இறுக்கினாலும் சரியாகாது, அந்தத் துண்டை மாற்றத்தான் வேண்டும்.

கலவைக் குழாயின் நீளம் அதன் உள்விட்டத்தைப் போல எட்டு அல்லது ஒன்பது மடங்கு இருந்தால் நல்லது. மிகவும் குட்டையாக இருந்தால் கேஸும் காற்றும் கலக்க இடம் போதாது.

2. ஜெட்டின் அளவு

மிக் வெல்டிங் டார்ச்சில் கம்பி வெளிவரும் நுனியில் போடும் செம்பு டிப்பைத்தான் பெரும்பாலோர் ஜெட்டாக வைக்கிறார்கள். மலிவானது, துளை சுத்தமாக இருக்கும், திருகி மாற்றலாம். அதில் பொறித்திருக்கும் எண் வெல்டிங் கம்பியின் அளவு என்பதை மறக்காதீர்கள். கம்பி தடையின்றி நகர வேண்டும் என்பதால் 0.8 என்று பொறித்த டிப்பின் துளை 0.8 மி.மீட்டரைவிடச் சற்றுப் பெரிதாகவே இருக்கும்.

முக்கால் அங்குலக் குழாய் பர்னருக்கு 0.8 அல்லது 0.9 டிப்பிலும், அரை அங்குலக் குழாய்க்கு 0.6 டிப்பிலும் தொடங்கலாம். இரண்டு மூன்று அளவுகளை வாங்கி வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். ஒரு கணக்கை மனதில் வையுங்கள்: குழாய் அதேதான், துளையின் விட்டம் பாதி என்றால், ஒரு பங்கு கேஸ் இழுத்து வரும் காற்று ஏறத்தாழ இரட்டிப்பாகும். அதே அழுத்தத்தில் வெளிவரும் கேஸோ நான்கில் ஒரு பங்காகக் குறையும். ஆகவே சிறிய ஜெட் என்றால் காற்று மிகுந்த சுடர், பெரிய ஜெட் என்றால் கேஸ் மிகுந்த சுடர். டியூன் செய்வதில் பாதி இந்த ஒரு வரிக்குள் அடங்கிவிடும்.

உங்களுக்குக் கிடைப்பது தனி புரோப்பேனா, பியூட்டேன் கலந்ததா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். பியூட்டேன் எரிய ஒரு பங்குக்கு ஏறத்தாழ 31 பங்கு காற்று வேண்டும். அதனால் கலப்புக் கேஸுக்கு அதே ஜெட்டில் காற்று சற்றுக் கூடுதலாகத் தேவைப்படும்.

3. முதல் பற்றவைப்பு

முதலில் நெருப்பு, பிறகு கேஸ். இந்த வரிசை ஒருபோதும் மாறக் கூடாது. உலையின் வாய்க்கு நேரே நிற்காமல் பக்கவாட்டில் நின்று, எரியும் காகிதச் சுருளையோ நீளமான லைட்டரையோ பர்னர் முனைக்குக் கீழே பிடியுங்கள். ரெகுலேட்டர் 3 முதல் 5 பி.எஸ்.ஐ.யில் இருக்கட்டும், காற்றுத் திறப்பைப் பாதி மூடி வையுங்கள். இப்போது பால் வால்வை மெல்லத் திறக்கலாம். ஓரிரு நொடியில் பற்றாவிட்டால் உடனே மூடிவிடுங்கள். உலைக்குள் தேங்கிய கேஸ் முழுவதும் வெளியேற ஐந்து நிமிடமாவது விட்டு, காற்று வீசச் செய்து, அதன் பிறகே மறுபடி முயலுங்கள்.

4. உலை சூடேறும்வரை எதையும் தொடாதீர்கள்

பர்னரை உலைக்கு வெளியே கையில் பிடித்துப் பற்றவைத்து அந்தச் சுடரைப் பார்த்து டியூன் செய்பவர்கள் உண்டு. எனக்கு இதில் உடன்பாடே இல்லை. வெளியே சுடரைச் சுற்றிலும் காற்று இருக்கிறது. உலைக்குள் பர்னர் இழுத்து வரும் காற்றை விட்டால் வேறு கதி இல்லை. போதாததற்கு, உலைக்குள் நிறைந்த சூடான வாயு திருப்பித் தள்ளும் பின்னழுத்தம் காற்றின் வரத்தைக் குறைக்கிறது. வெளியே அழகாக எரிந்த பர்னர் உள்ளே வைத்ததும் கேஸ் மிகுந்து எரிவது இதனால்தான்.

பர்னரை அதன் இடத்தில் பொருத்தி, வேலையின்போது கதவுச் செங்கற்கள் எப்படி இருக்குமோ அப்படியே வைத்து, சுவர் செந்நிறம் ஆகும்வரை எரிய விடுங்கள். பர்னரின் முனை சுவருக்குள் சற்று உள்வாங்கியே இருக்க வேண்டும். அறைக்குள் நீட்டிக்கொண்டிருந்தால் முனை எரிந்து பொரிந்துபோகும். உலை முக்கால் அங்குல பர்னர் ஒன்றுக்கு 5, 6 லிட்டர் கொள்ளளவுக்கு மேல் போகாமல் இருந்தால் சூடு தங்கும். அதைவிடப் பெரிய உலையில் டியூனிங் எவ்வளவு நன்றாக இருந்தாலும் ஒற்றை பர்னர் தடுமாறும்.

5. சுடரைப் படித்துக் காற்றைத் திருத்துங்கள்

இப்போது 6 அல்லது 7 பி.எஸ்.ஐ.யில் நிறுத்தி, அகச்சிவப்புக் கதிரைத் தடுக்கும் கண்ணாடி அணிந்து உள்ளே பாருங்கள்.

கேஸ் மிகுந்தால் சுடரின் நடுவில் தெரியும் உள்கூம்பு நீண்டு, விளிம்பு மங்கி, பச்சை கலந்த நீலமாக இருக்கும். சத்தம் மென்மையாகிவிடும். உலையின் வாயிலிருந்து மஞ்சள் நாக்குகள் நீளமாக வெளியே தள்ளும். உள்ளே காற்றுக் கிடைக்காத கேஸ் வெளிக்காற்றைக் கண்டதும் அங்கே எரிகிறது. அந்தச் சூடு இரும்புக்குப் போய்ச் சேருவதே இல்லை.

காற்று மிகுந்தால் கூம்பு குட்டையாகி, கூர்மையாகி, சீறும். வாயில் தீயே தெரியாது. பார்க்க மிகச் சுத்தமான சுடர் போலத் தோன்றுவதால் பலர் இதையே சரியென்று எண்ணிவிடுகிறார்கள்.

சரியான சுடரில் உள்கூம்பு தெளிவான நீலமாக நிற்கும், அதைச் சுற்றி வெளிறிய நீல உறை. உலை வாயில் ஒரு சாண் நீளத்துக்கும் குறைவாக மெல்லிய தீ எட்டிப்பார்க்கும். இரைச்சல் ஏறி இறங்காமல் ஒரே சீராக இருக்கும்.

காற்றுத் திறப்பை ஒவ்வொரு தடவையும் சிறிதளவே நகர்த்தி, ஒன்றிரண்டு நிமிடம் பொறுத்துப் பாருங்கள். திறப்பு முழுவதும் திறந்தும் கேஸ் மிகுந்தே எரிகிறது என்றால் ஒரு அளவு சிறிய ஜெட் போடுங்கள். திறப்பை முக்கால்வாசி மூடினால்தான் சீறல் நிற்கிறது என்றால் ஒரு அளவு பெரிய ஜெட் வேண்டும். ஜெட்டையும் திறப்பையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எது பலன் தந்தது என்று தெரியாமல் போகும்.

சுடரில் ஆரஞ்சுக் கோடுகள் ஓடினால் அவசரப்பட வேண்டாம். புதிய பூச்சும் தூசும், சூட்டில் இரும்பின் மேல் செதிலாகப் படியும் பொருக்கும் அந்த நிறத்தைத் தரும். சில சூடுகளுக்குப் பிறகு அது பெரும்பாலும் அடங்கிவிடும்.

6. இரும்பை வைத்துச் சோதியுங்கள்

கண்ணைவிட இரும்பு நம்பகமான சாட்சி. சாதாரண மைல்டு ஸ்டீல் பட்டை ஒன்றைப் பளபளக்கும்வரை தேய்த்து உலையின் நடுவில் வையுங்கள். மங்கிய சிவப்பு ஏறத்தாழ 700 டிகிரி செல்சியஸ், ஆரஞ்சு 950, மஞ்சள் 1100. பட்டை மஞ்சளானதும் ஐந்து நிமிடம் அப்படியே விட்டு, இடுக்கியால் எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள்.

வெளியே எடுத்த நொடியிலேயே மேற்பரப்பில் கருமை படரும், அது வெளிக்காற்றின் வேலை. நீங்கள் பார்க்க வேண்டியது அதற்கு முன்பே உலைக்குள் உருவான பொருக்கை. பட்டையைப் பட்டடையில் ஒரு தட்டுத் தட்டுங்கள். தடித்த பொருக்கு அப்பளம் போல உடைந்து கொட்டி, அடியில் குழிகுழியாகத் தெரிந்தால் காற்று மிகுதி. மெல்லிய படலம் மட்டும் துகளாக உதிர்ந்து, அடியில் மேற்பரப்பு வழவழவென்று இருந்தால் சுடர் சரி. மஞ்சளுக்கே ஏறாமல் ஆரஞ்சிலேயே நின்று, உலை வாயில் தீ மட்டும் நீளமாக எரிந்தால் கேஸ் மிகுதி.

சரியான புள்ளியைக் கண்டபின் காற்றை ஒரு மயிரிழை குறைத்து வைப்பதையே நான் விரும்புகிறேன். சூட்டில் சிறிது இழந்தாலும் இரும்பு தேய்வது குறைகிறது, கத்தி போன்ற மெல்லிய விளிம்புள்ள வேலைகளில் கார்பன் எரிந்து போவதும் குறைகிறது. உலைப்பற்று வைக்கும்போது, அதாவது இரும்பைச் சூடேற்றி அடித்து ஒன்றோடொன்று ஒட்டும்போது, இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

7. இப்போதுதான் ரெகுலேட்டர்

விகிதம் அமைந்துவிட்டால் அழுத்தம் என்பது எவ்வளவு சூடு வேண்டும் என்பது மட்டும்தான். 3 முதல் 15 பி.எஸ்.ஐ. வரை மெல்லத் திருகிப் பாருங்கள், சுடரின் தோற்றம் பெரிதாக மாறக் கூடாது. சாதாரண அடிவேலைக்கு 5 முதல் 8 வரை பெரும்பாலும் போதும்.

மிகக் குறைந்த அழுத்தத்தில் ‘டுப் டுப்’ என்று சத்தம் வந்து சுடர் குழாய்க்குள் பின்வாங்கினால் உடனே கேஸை மூடுங்கள். கலவை பாயும் வேகம் தீ பரவும் வேகத்துக்குக் கீழே இறங்கிவிட்டது என்று அர்த்தம். குழாய் ஆறிய பிறகு, அந்த அழுத்தத்துக்கு மேலேயே வேலை செய்யுங்கள். நல்ல அழுத்தத்திலும் இதே நடந்தால் குழாய் அதிகம் சூடாகிறதா, ஜெட்டில் தூசி அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். அதற்கு மாறாகச் சுடர் முனையை விட்டு எழும்பி அணைந்தால், முனையின் விரிவு போதவில்லை அல்லது அழுத்தம் மிகுதி.

ஒரு மணி நேரம் நன்றாக எரிந்துவிட்டு மெல்லச் சோர்ந்தால் பர்னரைக் குறை சொல்லாமல் சிலிண்டரைத் தொட்டுப் பாருங்கள். திரவம் ஆவியாகும்போது தன் சூட்டையே எடுத்துக்கொள்வதால் சிறிய சிலிண்டர் குளிர்ந்து, வெளியே உறைபனி படிந்து, அழுத்தம் விழுந்துவிடும். பெரிய சிலிண்டருக்கு மாறுங்கள். தீயால் சூடாக்கும் எண்ணமே கூடாது.

8. அணைக்கும் முறை

சிலிண்டர் வால்வை முதலில் மூடி, ஹோஸில் மிச்சமுள்ள கேஸ் எரிந்து தீரவிட்டு, பிறகு பால் வால்வையும் ரெகுலேட்டரையும் மூடுங்கள். பர்னர் உலைக்கு மேலிருந்து இறங்குகிற அமைப்பு என்றால் கேஸ் நின்றதும் உலையின் சூடு குழாய் வழியாக மேலேறி ஜெட்டையும் ஹோஸையும் வாட்டும். கையுறையோடு பர்னரை உருவி வையுங்கள், அல்லது காற்றுத் திறப்பை முழுவதும் மூடிவிடுங்கள். மூடும் முன் திறப்பு நின்ற இடத்தில் ஒரு கோடு கீறிக்கொள்ளுங்கள், அடுத்த தடவை அங்கிருந்தே தொடங்கலாம். ஜெட்டையோ கதவுச் செங்கலின் இடைவெளியையோ மாற்றினால் பட்டைச் சோதனையை மறுபடி செய்ய வேண்டியிருக்கும்.