புதினாவைச் சட்னி ஆக்காதீர்கள்: கோடைக்காலப் பழ மொஹிட்டோவில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கல்யாண மண்டபங்களில் வரவேற்பு பானம் என்ற பெயரில் இப்போது நீல நிறத்தில் ஒன்றை நீட்டுகிறார்கள். கேட்டால் மொஹிட்டோ என்கிறார்கள். பாட்டில் சிரப், சோடா, மேலே வாடிப்போன புதினா இலை ஒன்று. கியூபாவில் பிறந்த மொஹிட்டோவுக்கும் அந்த நீலத்துக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அது வெள்ளை ரம், எலுமிச்சைச் சாறு, புதினா, சர்க்கரை, சோடா என்ற ஐந்தே பொருளில் முடிகிற பானம். மதுக்கூட நிபுணர்களின் சர்வதேச சங்கம் வைத்திருக்கும் செய்முறையும் 45 மில்லி ரம், 20 மில்லி எலுமிச்சைச் சாறு, இரண்டு தேக்கரண்டி சர்க்கரை, ஆறு கொத்து புதினா, மீதிக்குச் சோடா என்றுதான் சொல்கிறது.

ரம்மை எடுத்துவிட்டு அந்த இடத்தில் தர்பூசணிச் சாற்றை வைத்தால், பள்ளி விட்டு வரும் பிள்ளை முதல் வீட்டுப் பாட்டி வரை எல்லோரும் குடிக்கலாம். சித்திரை வெயிலுக்கு அதைவிடப் பொருத்தமாக வேறொன்று எனக்குத் தோன்றவில்லை. பொருள்கள் எல்லாம் தெருமுனைக் கடையில் கிடைப்பவை. ஆனாலும் பல வீடுகளில் இது கசக்கிறது, அல்லது தண்ணீராக இருக்கிறது, அல்லது இரண்டுமாக இருக்கிறது. குறை பெரும்பாலும் வாங்கிய பொருளில் இருப்பதில்லை. எதை முதலில் செய்கிறோம், எவ்வளவு அழுத்துகிறோம் என்பதில்தான் கை பிசகுகிறது.

முதல் குற்றவாளி மிக்ஸி. புதினாவை ஆய்ந்து, கழுவி, எலுமிச்சைச் சாற்றோடு மிக்ஸியில் ஒரு சுற்று விட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிறோம். சட்னிக்கு அரைப்பதுபோல் அரைத்தால் சட்னி வாசனைதான் வரும். புதினாவின் மணம் தரும் எண்ணெய், இலையின் மேற்பரப்பில் உள்ள நுண்ணிய சுரப்பிகளில் தங்கியிருக்கிறது. ஓர் இலையைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து மெல்லத் தேய்த்துப் பாருங்கள். இலை கிழியாது, ஆனால் விரலில் மணம் ஏறியிருக்கும். அந்த அழுத்தம் போதும். அதற்கு மேல் போனால் இலையின் உள்ளறைகள் உடைந்து பச்சையமும் துவர்ப்புப் பொருள்களும் வெளியே வருகின்றன. காற்று பட்டதும் நொதிகள் வேலையைத் தொடங்கிவிடும். நறுக்கிய கத்தரிக்காய் கறுப்பதும் இதே வினையால்தான். அரை மணி நேரத்தில் பானம் பாசி பிடித்த நிறத்துக்குப் போய், நாக்கின் அடியில் ஒரு கசப்பு தங்குகிறது.

சரியான கருவி எல்லோர் சமையலறையிலும் இருக்கிறது: பருப்பு கடையும் மர மத்து. அது கிடைக்காவிட்டால் கனமான கரண்டியின் பின்புறம். கெட்டியான தம்ளரின் அடியில் எட்டுப் பத்து இலைகளைப் போட்டு, சர்க்கரைப் பாகும் எலுமிச்சைச் சாறும் ஊற்றி, நாலைந்து முறை அழுத்தி லேசாகத் திருப்புங்கள். பிறகு குனிந்து பாருங்கள். இலைகள் சற்றே அடர்ந்த பச்சையாகி, அங்கங்கே கசங்கி, ஆனால் முழுதாக இருக்க வேண்டும். துணுக்குகள் மிதந்தால் அளவு மீறிவிட்டது என்று அர்த்தம். பல்லிடுக்கில் புதினா சிக்கிக்கொண்டு விருந்தினர் வாயை மூடிக்கொண்டே சிரிப்பது இதனால்தான். கியூபா முறையில் பாகுக்குப் பதில் சர்க்கரையையே போட்டு அழுத்துவார்கள். சர்க்கரைப் படிகங்கள் உரசி எண்ணெயை எடுத்துத் தரும் என்பது உண்மை. ஆனால் கை கனமானவர்களுக்கு அதே உரசல் இலையைக் கூழாக்கிவிடும். அவர்களுக்குப் பாகுதான் நல்லது.

பத்துப் பேருக்குச் செய்யும்போது நூறு இலைகளை மத்தால் அழுத்திக்கொண்டிருக்க முடியாதுதான். அப்போதும் மிக்ஸி வேண்டாம். பாகு காய்ச்சி, கை பொறுக்கும் சூட்டுக்கு இறங்கிய பிறகு ஒரு கட்டுப் புதினாவை அதில் போட்டு மூடி, அரை மணி நேரம் கழித்து வடிகட்டுங்கள். கொதிக்கும்போதே போட்டால் மணம் ஆவியோடு போய்விடும். எஞ்சுவது வெந்த கீரையின் வாடை.

மேலே செருகும் கொத்து வெறும் அலங்காரம் என்று பலர் நினைக்கிறார்கள். நாம் சுவை என்று சொல்வதில் பெரும்பங்கு மூக்கின் வேலை. கொத்தை உள்ளங்கையில் வைத்து ஒருமுறை தட்டிவிட்டுச் செருகினால், ஒவ்வொரு வாய்க்கும் முன்னால் மணம் வந்து நிற்கும். ஸ்ட்ரா நீளமாக இருந்தால் மூக்கு கொத்திலிருந்து தள்ளிப் போய்விடும். கத்தரியால் பாதியாக வெட்டிப் போடுங்கள்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். புதினாவை அள்ளிப் போட்டால் குளிர்ச்சி கூடும் என்ற எண்ணம் வீண். காய்கறிக் கடையில் கட்டாகக் கிடைப்பது பெரும்பாலும் ஸ்பியர்மின்ட் வகை. அதன் மணத்துக்குக் காரணம் கார்வோன் என்ற பொருள். பற்பசையிலும் இருமல் மிட்டாயிலும் சில்லென்று படுகிற மென்தால் அதில் மிகக் குறைவு. சில்லிப்பு ஐஸிலிருந்துதான் வர வேண்டும்.

ஐஸ் கணக்கு

இங்கேதான் பானம் தண்ணீராகிறது. ஐஸ் தன் குளிர்ச்சியைப் பெரும்பாலும் உருகித்தான் தருகிறது. ஒரு கிராம் ஐஸ் உருக 80 கலோரி வெப்பத்தை இழுத்துக்கொள்கிறது. ஒரு கிராம் தண்ணீர் ஒரு டிகிரி குளிர ஒரு கலோரியை இழந்தால் போதும். இதை வைத்து ஒரு தம்ளருக்குக் கணக்குப் போடலாம். வெளியில் 30 டிகிரியில் இருக்கும் 200 மில்லி பானம் 5 டிகிரிக்கு இறங்க, ஏறத்தாழ 50 முதல் 60 கிராம் ஐஸ் உருகியாக வேண்டும். அதாவது, நீங்கள் பார்த்துப் பார்த்துக் கலந்த சாற்றில் கால் பங்குக்கும் மேல் தண்ணீரைச் சேர்க்கிறீர்கள். அதே பானம் ஃப்ரிட்ஜில் இருந்து 8 டிகிரிக்கு வந்திருந்தால் உருகுவது ஏழு கிராம் அளவுதான்.

ஆகவே பழச்சாறு, பாகு, சோடா எல்லாவற்றையும் முன்கூட்டியே குளிர வையுங்கள். தம்ளரைக்கூடப் பத்து நிமிடம் ஃப்ரீசரில் வைக்கலாம். எலுமிச்சம்பழம் மட்டும் விதிவிலக்கு. குளிர்ந்த பழம் இறுகிச் சாறு விடாது. அதை வெளியே வைத்து, பிழியும் முன் உள்ளங்கையால் மேடையில் அழுத்தி உருட்டுங்கள்.

ஐஸ் கரைந்துவிடுகிறதே என்று இரண்டே கட்டி போட்டுக் கொடுப்பவர்கள் உண்டு. இது சிக்கனத்தால் வருவதா, தொண்டை கட்டும் என்ற பயத்தால் வருவதா தெரியாது, ஆனால் பலன் நேர் எதிரானது. இரண்டு கட்டி முழுவதும் உருகித் தீர்ந்து, பானம் வெதுவெதுப்பாகவும் நீர்த்தும் போகும். தம்ளர் நிறைய ஐஸ் இருந்தால் அவை ஒன்றையொன்று காத்துக்கொண்டு மெதுவாக உருகும். பெரிய கட்டியாக இருப்பது இன்னும் நல்லது. எடையோடு பார்த்தால் வெளிப்பரப்பு குறைவு என்பதால் உருகும் வேகமும் குறைவு. நொறுக்கிய ஐஸ் கண்ணுக்கு அழகு. உடனே குடித்து முடிப்பவர்களுக்கு மட்டும்.

வெளியில் வாங்கும் பார் ஐஸை மட்டும் தொடாதீர்கள். உண்பதற்கல்லாத ஐஸில் நீல நிறம் கலக்க வேண்டும் என்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2018-இல் உத்தரவிட்டது. ஆனால் நீலம் இல்லை என்பதாலேயே அது குடிநீரில் உறைந்தது என்று ஆகிவிடாது. கொதித்து ஆறிய தண்ணீரை முந்தின நாளே ட்ரேயில் ஊற்றி வைப்பதில் என்ன கஷ்டம்? ஃப்ரீசரில் மீனும் கறியும் இருந்தால் ட்ரேயை மூடி வையுங்கள். ஐஸ் வாடையை இழுத்துக்கொள்ளும்.

இனிப்பும் புளிப்பும்

குளிர்ந்த பானத்தில் சர்க்கரையைக் கொட்டிக் கலக்குவது வீண் உழைப்பு. குளிர்ந்த தண்ணீருக்குச் சர்க்கரையை ஏற்கும் இடம் இல்லை என்பதல்ல. உறைநிலைத் தண்ணீரிலும் அதன் எடையைவிட அதிகச் சர்க்கரை கரையும். ஆனால் நேரம் எடுக்கும். அதற்குள் குடித்து முடித்துவிடுவோம், கடைசி வாயில் மணல்போல் நெறநெறக்கும். ஒரு பங்கு சர்க்கரை, ஒரு பங்கு தண்ணீர், சூடாக்கிக் கரைத்து ஆற வைத்தால் பாகு தயார். கம்பிப் பதம் எல்லாம் தேவையில்லை. தேன் போடுபவர்களும் முதலில் வெதுவெதுப்பான தண்ணீரில் இளக்கிக்கொள்ள வேண்டும். கருப்பட்டியைப் புதினாவோடு சேர்க்காதீர்கள். அதன் புகை கலந்த சுவைக்கு முன் புதினா நிற்காது. அது சுக்கோடும் ஏலக்காயோடும் சேர வேண்டியது. ராமநவமிப் பானகத்தில் வெல்லம் அந்தக் கூட்டணியோடுதான் வருகிறது.

ருசி பார்க்கும் நேரமும் முக்கியம். குளிர்ச்சியில் நாக்குக்கு இனிப்பு மட்டுப்பட்டுத் தெரியும். அறை வெப்பத்தில் ருசி பார்த்துச் சரி என்று விட்டால், ஐஸ் போட்டதும் புளிப்பு தலைதூக்கும். ஐஸோடு கலந்து, ஒரு நிமிடம் விட்டு, பிறகு ருசி பாருங்கள். ஒரு தம்ளருக்குத் தொடக்க அளவாக எலுமிச்சைச் சாறு 20 மில்லி, பாகு 15 மில்லி, தர்பூசணிச் சாறு 100 மில்லி, சோடா 60 மில்லி வைத்துக்கொள்ளலாம். பழம் நன்றாகப் பழுத்திருந்தால் பாகைக் குறையுங்கள்.

எலுமிச்சையைப் பிழியும்போது கடைசிச் சொட்டுவரை முறுக்கிப் பிழிவது நம் பழக்கம். தோலின் வெள்ளைப் பகுதியும் விதையும் கசப்பின் கிடங்குகள். பிழிந்த மூடிகளைப் பானத்திலேயே ஊறப் போடுவதும் தப்பு. பிழிந்த சாற்றைச் சில மணி நேரத்துக்குள் பயன்படுத்திவிட வேண்டும். எலுமிச்சைக்குப் பதில் சாத்துக்குடி எடுப்பவர்கள் இதில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். பிழிந்தவுடன் தித்திக்கும் சாத்துக்குடிச் சாறு, வைத்திருக்க வைத்திருக்கக் கசக்கும். சாற்றில் சுவையற்று இருக்கும் ஒரு பொருள், அமிலத்தில் மெல்ல மெல்ல லிமோனின் என்ற கசப்புப் பொருளாக மாறுவதே காரணம். ஜூஸ் கடைக்காரர் நம் கண் முன்னால் பிழிந்து கொடுப்பதில் இப்படி ஒரு நியாயமும் இருக்கிறது.

உப்பு ஒரு சிட்டிகை அவசியம். கசப்பை அடக்கிப் பழத்தை எடுத்துக்காட்டும். ஆனால் எப்போது போடுகிறோம் என்பதைப் பொறுத்து மேசை துணி தப்பிக்கும். சோடா ஊற்றிய பிறகு உப்பைத் தூவினால் ஒவ்வொரு துகளும் வாயுக் குமிழ் பிறக்கும் இடமாகி, பானம் பொங்கி வழியும். சால்ட் சோடா குடித்தவர்களுக்கு இந்தக் காட்சி தெரியும். கடையில் அது வேடிக்கை. வீட்டில், தம்ளரில் இருக்க வேண்டிய வாயு முழுவதும் தரையில் போகிறது. உப்பை எலுமிச்சைச் சாற்றிலேயே கரைத்துவிடுங்கள். சோடா எல்லாவற்றுக்கும் கடைசியில், தம்ளரைச் சாய்த்து ஓரமாக. பிறகு அடியிலிருந்து ஒருமுறை மட்டும் கரண்டியால் தூக்கிவிட்டால் போதும். சூடான சோடாவில் வாயு நிற்காது என்பதால்தான் அதையும் குளிர வைக்கச் சொன்னேன்.

தர்பூசணியை விதையோடு நெடுநேரம் அரைக்காதீர்கள். கைவிட்டுப் பிசைந்து வடிகட்டினாலே சாறு வந்துவிடும், அதில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர்தானே. மிக்ஸியில் போட்டால் நுரைதான் மிஞ்சும். கூடவே மாம்பழம், அன்னாசி, ஆப்பிள் என்று வீட்டில் கிடப்பதையெல்லாம் சேர்க்கும் ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள். ஒரு பழம், ஒரு தழை, ஒரு புளிப்பு. அன்னாசி எடுத்தால் பாலோ தயிரோ பக்கத்தில் வரக்கூடாது. அதிலுள்ள புரோமெலைன் நொதி பால் புரதத்தை உடைத்துக் கசக்க வைக்கும்.

வெளிநாட்டுச் செய்முறைகளில் பேசில் என்று பார்த்ததும் துளசியைக் கிள்ளிப் போடுபவர்கள் நிறைய. குடும்பம் ஒன்றுதான், குணம் வேறு. துளசியில் யூஜினால் அதிகம். கிராம்பில் இருக்கும் அதே பொருள். நாலு இலைக்கு மேல் போனால் பானம் கஷாயம் ஆகிவிடும். அந்தச் செய்முறை கேட்கும் செடி திருநீற்றுப்பச்சிலை. கிராமத்து வீடுகளின் கொல்லையில் இன்றும் வளர்வது. அதன் விதைதான் சப்ஜா. சப்ஜாவை எலுமிச்சைச் சாற்றில் நேராகப் போட்டால் சரியாக உப்பாது. தனித் தண்ணீரில் கால் மணி நேரம் ஊறவைத்துச் சேருங்கள். உலர்ந்த விதையை அப்படியே விழுங்குவது ஆபத்து, தொண்டையிலேயே உப்பி அடைத்துக்கொள்ளலாம்.

பாத்திரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. செம்புக் குடுவையில் பரிமாறுவது இப்போது நாகரிகமாகிவிட்டது. எலுமிச்சை அமிலம் செம்பையும் பித்தளையையும் அரித்துச் சாற்றில் கலக்கவிடும். கண்ணாடி, பீங்கான், எவர்சில்வர் எதுவானாலும் சரி.

மிச்சம் விழுந்தால் அப்படியே மறுநாளைக்கு வைக்காதீர்கள். சோடா செத்துப்போயிருக்கும், புதினா கறுத்திருக்கும். நறுக்கிய தர்பூசணியையோ அதன் சாற்றையோ வெயில் காலத்தில் இரண்டு மணி நேரம் வெளியில் விடுவதே அதிகம். சோடா சேர்க்காத சாறு மீந்தால், இலைகளை எடுத்துவிட்டு ஐஸ் ட்ரேயில் ஊற்றி உறைய வையுங்கள். அடுத்த முறை வெறும் ஐஸுக்குப் பதில் அதைப் போட்டால், உருகினாலும் பானம் நீர்க்காது.