டேப் பிடித்துப் பார்க்காமல் டிராக்டர் வாங்கலாமா?

மதுரைப் பக்கம் வாடிப்பட்டி டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து "எந்த டிராக்டர் நல்லது?" என்று கேட்டுப் பாருங்கள். டீ ஆறுவதற்குள் இரண்டு கட்சிகள் உருவாகிவிடும். ஒருவர் சிவப்பு வண்டிதான் என்பார், எதிரே இருப்பவர் ஆரஞ்சு வண்டியைக் காட்டுவார். விசாரித்தால் இருவரும் தங்கள் அப்பா வாங்கிய வண்டிக்காகத்தான் வாதாடிக்கொண்டிருப்பார்கள். அப்பா ஓட்டியது 35 அல்லது 45 குதிரைத்திறன். இப்போது தோட்டத்துக்கென்று நாம் தேடும் 20 முதல் 30 குதிரைத்திறன் வண்டியில் அதே பெயர்ப்பலகை இருக்கலாம். உள்ளே இருக்கும் எஞ்சினும் கியர் பெட்டியும் முன் அச்சும் வேறு. பெரிய வண்டி வாங்கிய நல்ல பெயரைச் சின்ன வண்டிக்கு அப்படியே எழுதிவைப்பதுதான் முதல் தவறு.

அந்தக் கட்சிகளும் சில நேரம் ஒரே வீட்டுப் பங்காளிகள்தான். ஸ்வராஜ் டிராக்டரைச் செய்துவந்த பஞ்சாப் டிராக்டர்ஸ் 2007இல் மகிந்திராவின் கைக்கு வந்தது. ஐஷர் டிராக்டர் தொழில் 2005இல் டாஃபே கம்பெனியிடம் போனது. மாஸி ஃபெர்குசன் ஏற்கெனவே அங்கேதான் இருந்தது. ஃபார்ம்ட்ராக், பவர்ட்ராக், குபோட்டா மூன்றும் இன்று எஸ்கார்ட்ஸ் குபோட்டா என்ற ஒரே கூரையின் கீழ். ஆகவே நிறத்தை விட்டுவிட்டு, மாடல் எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.

வயலை அளக்காமல் ஷோரூமுக்குப் போகிறவர்கள் இன்னும் அதிகம். உசிலம்பட்டிப் பக்கம் மல்லிகை வைத்திருக்கும் என் மச்சான், "சின்ன வண்டிதானே, எங்கும் நுழையும்" என்று முன்பணம் கட்டக் கிளம்பிவிட்டார். "டேப்பை எடுங்கள் மச்சான்" என்று தோட்டத்துக்குக் கூட்டிப்போனேன். வரிசைக்கு வரிசை 1.25 மீட்டர். இந்த வகையில் ஒல்லியான வண்டிகளே ஏறக்குறைய ஒரு மீட்டர் அகலம் இருக்கும். கணக்குப்படி பக்கத்துக்கு அரைச் சாண் மிச்சம். ஆனால் அது தூருக்குத் தூர் பிடித்த அளவு. வளர்ந்த செடியின் கிளைகள் இரண்டு பக்கமும் ஒரு முழத்துக்குச் சாய்ந்து கிடந்தன. அதற்குள் வண்டியை விட்டால் மொட்டுக் கிளை எல்லாம் டயருக்குப் பூமாலையாகிவிடும். "கவாத்து செய்த வாரத்தில் ஓட்டிக்கொள்வேன்" என்றார் மச்சான், விடாமல். வருடத்தில் ஒரு வாரம் ஓட்ட அத்தனை லட்சமா? அவர் தோட்டத்துக்குக் கையால் பிடித்து நடந்தே ஓட்டும் களையெடுக்கும் இயந்திரமான ஒரு பவர் வீடர் போதும்.

தென்னையில் நிலைமை நேர்மாறு. 25 அடி இடைவெளியில் பெரிய வண்டியே திரும்பிவிடும். தென்னைக்காக மட்டும் சின்ன வண்டி தேட வேண்டியதில்லை. இடையில் வாழை இருந்தால்தான் ஒல்லி வண்டிக்கு வேலை. அப்போதும் விளம்பரத் தாளில் அச்சிட்ட அகலத்தை நம்பிவிடாதீர்கள். அது மிகக் குறுகிய டயரும் நெருக்கிப் பூட்டிய சக்கரமும் உள்ள வண்டியின் அளவாக இருக்கலாம். உங்களுக்குக் கொடுக்கப்போகும் வண்டியின் பின் டயர்களுக்கு வெளியே டேப்பை வைத்து அளந்துவிடுங்கள். விற்பனையாளர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

குதிரைத்திறனைப் பார்த்துவிட்டு எடையைப் பார்க்காமல் விடுவதும் உண்டு. கள்ளிக்குடி, திருமங்கலம் கரிசலில் கோடை உழவுக்கு 24 குதிரைத்திறன் வண்டியில் சட்டிக் கலப்பையை மாட்டினால், எஞ்சினுக்குத் தெம்பு இருந்தாலும் டயருக்குப் பிடி இருக்காது. சக்கரம் நின்ற இடத்திலேயே சுழன்று குழி பறிக்கும். வண்டியின் எடைதான் டயரை மண்ணில் அழுத்துகிறது. சின்ன வண்டிகள் பலவும் ஒரு டன்னுக்கும் குறைவு. அந்த ஒரு உழவுக்குப் பெரிய வண்டியை மணி வாடகைக்கு அழைப்பதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை. எஞ்சின் குதிரைத்திறனும் பி.டி.ஓ. குதிரைத்திறனும் ஒன்றல்ல என்பதையும் நினைவில் வையுங்கள். மண்ணைக் கிளறிப் பொடியாக்கும் ரோட்டவேட்டரைச் சுழற்றுவது, பின்பக்கத் தண்டுக்கு வந்து சேரும் இந்த பி.டி.ஓ. திறன்தான். அது எப்போதும் எஞ்சின் கணக்கைவிடக் குறைவு. இரண்டு கம்பெனி வண்டிகளை ஒப்பிடும்போது இந்த இரண்டாவது எண்ணை எதிரெதிரே எழுதிப் பாருங்கள். 24க்கு 24 என்று நின்ற போட்டி அங்கே மாறிவிடும்.

"ரோட்டவேட்டர் இலவசம்" என்ற வார்த்தைக்கு மயங்குகிறவர்களைப் பற்றிப் பேசினால் எனக்குக் கோபம்தான் வரும். அந்த ரோட்டவேட்டர் பின் டயர்களின் வெளி அகலத்தைவிடக் குறுகலாக இருந்தால், உழுத மண்ணில் டயர் அழுத்திய தடம் அப்படியே தங்கும். ரொம்ப அகலமாக இருந்தால் வண்டி திணறும், வாழைத்தூரும் வெட்டுப்படும். இலவசம் என்பது பெரும்பாலும் கடையில் விலைபோகாமல் நின்ற அளவுதான்.

இனி நான் பட்ட பாடு. பெயரைச் சொல்லவில்லை, நல்ல கம்பெனி, நல்ல வண்டி. வாய்க்காலில் தண்ணீர் வந்து நெல்லுக்குச் சேற்றுழவு ஓட்டிக்கொண்டிருந்தபோது முன் அச்சின் ஓரத்தில் எண்ணெய் கசிந்தது. வடித்துப் பார்த்தால் எண்ணெய் பால் டீ நிறத்தில் இருந்தது. சீல் விட்டுப்போய்ச் சேற்றுத் தண்ணீர் உள்ளே இறங்கிவிட்டது என்று அதற்குப் பொருள். உள்ளங்கையில் அடங்கும் ஒரு ரப்பர் வளையம். அது மதுரையில் இல்லை. "நாளை வந்துவிடும் அண்ணே" என்றே பதினொரு நாள் போனது. நாற்று முற்றிக்கொண்டே வந்தது. கடைசியில் அடுத்த ஊர் வண்டியை வாடகைக்குப் பிடித்து நடவை முடித்தேன். என் சொந்த வண்டி மாமரத்தடியில் நிழல் வாங்கிக்கொண்டு நின்றது.

அன்றிலிருந்து யார் கேட்டாலும் ஒன்றே சொல்கிறேன்: விற்பனை மேசைக்குப் போகுமுன் உதிரி பாக கவுண்டருக்குப் போங்கள். முன் அச்சு சீல், கிளட்ச் தட்டு, டீசல் ஃபில்டர், ஃபேன் பெல்ட், ஹைட்ராலிக் சீல் செட் என்று ஐந்தை எழுதிக் கொடுத்து, மாடல் பெயரைச் சொல்லி, இன்றைக்கே எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். கணினியில் இருக்கிறது என்பது பதிலாகாது. அலமாரியில் இருக்க வேண்டும். பிறகு உங்கள் ஊர் மெக்கானிக்கிடம், அந்த மாடலின் முன் அச்சை எத்தனை முறை பிரித்திருக்கிறார் என்று கேளுங்கள். "இதுவரை பார்த்ததில்லை, ஆனால் செய்துவிடலாம்" என்பாரானால் அவருக்குப் பயிற்சி உங்கள் செலவில்தான். கல்லடிப்பட்டியில் டாஃபே ஆலை இருக்கிறதே, பாகத்துக்கு என்ன கவலை என்று சொல்கிறவர்கள் உண்டு. ஆலை வாசலில் நின்று யாரும் சீல் வாங்க முடியாது. எந்தக் கம்பெனியானாலும் கணக்கு டீலரின் அலமாரியோடுதான்.

நான்கு சக்கர இழுவை சேற்றுக்கும் சரிவுக்கும் அருமையானது. ஆனால் அதன் முன் டயரும் பின் டயரும் ஒன்றுக்கொன்று கணக்குப் பார்த்துப் பொருத்தப்பட்டவை. முன் டயர் தேய்ந்ததும் கிடைத்த அளவில் வேறு டயர் மாட்டினால், முன்னும் பின்னும் வேறு வேறு வேகத்தில் இழுத்துக் கியரைத் தின்றுவிடும். தார்ச் சாலையில் நான்கு சக்கர இழுவையின் நெம்பை விடுவித்துவிட்டுத்தான் ஓட்ட வேண்டும். ஆகவே அந்த டயர் அளவு மதுரைக் கடைகளில் கிடைக்கிறதா என்பதும் வாங்குமுன் விசாரிக்க வேண்டியது.

பணத்தில் இரண்டு சறுக்கல்கள். 2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டருக்கான ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 ஆகிவிட்டது. உறவினர் அதற்கு முன் வாங்கிய விலையை வைத்துப் பேரம் பேசாதீர்கள். மானியம் வேண்டுமென்றால் வேளாண்மைப் பொறியியல் துறையில் முதலில் விண்ணப்பம், பிறகு அனுமதி, அதன் பிறகே வண்டி. ஆசையில் முன்னதாக வாங்கிவிட்டு அலுவலகம் அலைகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். நீங்கள் மனத்தில் வைத்திருக்கும் மாடல் அங்கீகரித்த பட்டியலில் இருக்கிறதா என்பதையும் அங்கேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, ஷோரூம் முன்னால் சாலையில் ஓட்டிப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். போட்டியில் மிஞ்சிய இரண்டு வண்டிகளையும் உங்கள் நிலத்துக்கே கொண்டுவரச் சொல்லி, ஒரே நாளில், ஒரே ஈரத்தில், அதே ரோட்டவேட்டரோடு ஒரு மணி நேரம் ஓட்டுங்கள். டீசல் டேங்கை விளிம்புவரை நிரப்பிவிட்டுத் தொடங்கி, முடிந்ததும் மீண்டும் விளிம்புவரை ஊற்றுங்கள். ஊற்றிய அளவுதான் குடித்த அளவு. வரப்போரத்தில் திரும்பும்போது எத்தனை முறை பின்னால் எடுக்க வேண்டியிருக்கிறது என்று எண்ணுங்கள். கிணற்றுமேட்டுப் பக்கம் போகுமுன் இருக்கைக்குப் பின்னால், வண்டி கவிழ்ந்தால் ஓட்டுகிறவரைக் காக்கும் இரும்புச் சட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். நம் ஊரில் கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறு எத்தனை என்று உங்களுக்கே தெரியும்.