வகுப்பறைச் செய்தி வீட்டுக்கு வரும் வழிகள்: ஒன்ராறியோவுக்குப் புதிதாக வந்த பெற்றோருக்கு

ஒன்ராறியோவின் ஆரம்பப் பாடசாலைகள் பெற்றோரை நேரில் கூப்பிட்டுப் பேசுவது குறைவு. ஆனால் ஆண்டு முழுவதும் சொல்லிக்கொண்டே இருப்பார்கள்: மின்னஞ்சலில் ஒன்று, செயலியில் ஒன்று, புத்தகப் பையின் அடியில் கசங்கிக் கிடக்கும் தாளில் ஒன்று. அனுப்பியாயிற்று என்றால் நீங்கள் வாசித்துவிட்டீர்கள் என்றே பாடசாலை எடுத்துக்கொள்ளும். தவறினால் அடிபடுவது பிள்ளைதான். வகுப்பே வெளிப்பயணம் போகும் நாளில், கையெழுத்துத் தாள் வராத பிள்ளை இன்னொரு வகுப்பில் போய் உட்கார்ந்திருக்கும்.

பிள்ளையைப் பதியும் நாளிலேயே அலுவலகத்தில் உங்கள் மின்னஞ்சல் முகவரியை எழுத்து எழுத்தாகச் சரிபாருங்கள். தாய், தந்தை இருவருடைய முகவரியையும் கொடுங்கள். தொலைபேசி இலக்கம் மாறினால் அன்றே அறிவியுங்கள். வந்த புதிதில் வாங்கிய சிம்மை இரண்டு மாதத்தில் மாற்றிவிட்டுப் பாடசாலைக்குச் சொல்ல மறப்பதுதான் அடிக்கடி நடக்கும் பிழை. நம் பெயர் முறையும் இங்கே குழப்பம் தரும். தாய்க்கு ஒரு கடைசிப் பெயர், பிள்ளைக்கு இன்னொன்று என்று இருக்கும்போது, மின்னஞ்சலைப் பார்த்து எந்தப் பிள்ளையின் பெற்றோர் என்று அலுவலகத்தால் கண்டுபிடிக்க முடியாது. எப்போது எழுதினாலும் முதல் வரியில் பிள்ளையின் பதிவிலுள்ள முழுப்பெயர், வகுப்பு, ஆசிரியர் பெயர் மூன்றையும் போடுங்கள்.

பதிவுப் படிவங்களோடு மின்னஞ்சல் சம்மதம் கேட்கும் தாளும் வரலாம். கனடாவின் ஸ்பாம் தடுப்புச் சட்டம் 2014இல் நடைமுறைக்கு வந்தது. படம் எடுக்கும் நாள், நிதி சேகரிப்பு, பீட்சா மதிய உணவு போல விற்பனை கலந்த செய்திகளை அனுப்பச் சம்மதம் கேட்பது அதனால்தான். விளம்பரம் என்று நினைத்து மறுத்தால் அந்த அறிவித்தல்கள் வராமலே போய்விடும். சம்மதியுங்கள்.

செயலி பாடசாலைக்குப் பாடசாலை, சில வேளை வகுப்புக்கு வகுப்பு மாறும். சீசா (Seesaw) என்ற செயலியில் பிள்ளையின் வேலையைப் படமாகப் பார்க்கலாம். அதில் சேர்வதற்கான அழைப்பை ஆசிரியர் அனுப்புவார். கூகுள் கிளாஸ்ரூம் பிள்ளையின் கணக்கில் இயங்குவது. ஆசிரியர் உங்களை இணைத்தால், செய்யாமல் விட்ட வேலையும் வரப்போகும் வேலையும் தினமோ வாரமோ மின்னஞ்சலில் சுருக்கமாக வரும். காசு கட்டுவதற்குப் பல கல்விச் சபைகளில் ஸ்கூல் கேஷ் ஆன்லைன் என்ற இணையத்தளம். அதில் பிள்ளையை இணைக்க மாணவர் இலக்கம் வேண்டும், அலுவலகத்தில் கேட்டு வாங்குங்கள். முதல் வாரத்தில் ஆசிரியரிடம் கேட்க ஒரே கேள்விதான்: "வீட்டுக்குச் செய்தி எதில் அனுப்புகிறீர்கள், நான் அதில் சேர்ந்துவிட்டேனா?"

தாள் இன்னும் ஒழிந்துவிடவில்லை. சிறு வகுப்புகளில் பையோடு ஒரு கோப்புறை போய்வரும், பல வகுப்புகளில் அஜெண்டா என்ற குறிப்பேடும் இருக்கும். தினமும் மாலை அதைத் திறந்து பாருங்கள். வெளிப்பயணப் படிவம் வந்தால் திகதி, புறப்படும் நேரம், திரும்பும் நேரம், கட்டணம், கட்டவேண்டிய கடைசி நாள், மதிய உணவு பற்றிய குறிப்பு எல்லாவற்றையும் வாசித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். கையெழுத்துக்குப் பக்கத்திலேயே, "உதவிக்கு வர விருப்பமா?" என்ற சிறு கட்டமும் இருக்கும். போக விரும்பினால் பொலிஸ் சரிபார்ப்புப் பத்திரம் கேட்பார்கள், அது கைக்கு வர நாளெடுக்கும். செப்டெம்பரிலேயே விண்ணப்பித்து வையுங்கள். கட்டணம் சுமையாக இருந்தால் பிள்ளையை வீட்டில் நிறுத்தாமல் ஆசிரியரிடமோ அதிபரிடமோ தனியாகச் சொல்லுங்கள். கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

பிள்ளைக்குச் சுகமில்லை என்றால் பாடசாலை தொடங்கும் முன், வராத பிள்ளைகளைப் பற்றி அறிவிப்பதற்கான தொலைபேசி இலக்கத்துக்கோ செயலிக்கோ அறிவிக்க வேண்டும். ஆசிரியருக்குச் செய்தி அனுப்பினால் போதாது, அவர் அப்போது வகுப்பில் நிற்பார். ஆரம்பப் பாடசாலை ஒவ்வொன்றும் பிள்ளை பத்திரமாக வந்துசேர்ந்ததா என்று பார்க்கும் ஏற்பாடு வைத்திருக்க வேண்டும் என்பது மாகாண விதி. நீங்கள் சொல்லாவிட்டால் அவசரத் தொடர்பு இலக்கங்களை ஒவ்வொன்றாக அழைத்துத் தேடுவார்கள். பனி நாளில் இன்னொரு தடுமாற்றம்: "பஸ் ரத்து" என்றால் பாடசாலை மூடல் என்று பொருளல்ல. இரண்டும் வேறு வேறு அறிவித்தல்கள். ஆண்டுக்கு 7 வரை வரும் பி.ஏ. நாட்களில், அதாவது ஆசிரியரின் தொழில்சார் வேலைக்கென ஒதுக்கிய நாட்களில், ஆசிரியருக்கு வேலை, பிள்ளைக்கு விடுமுறை. சபையின் நாட்காட்டியைப் பார்த்து இப்போதே குறித்து வையுங்கள்.

இனி, எல்லாவற்றையும்விடக் கவனமாக வாசிக்க வேண்டிய ரிப்போர்ட் கார்ட். 1ஆம் வகுப்பிலிருந்து ஆண்டுக்கு மூன்று. அக்டோபர் 20 முதல் நவம்பர் 20 வரையான காலத்தில் வருவது முன்னேற்ற அறிக்கை, அதில் புள்ளி இருக்காது. மிக நன்றாக முன்னேறுகிறார், நன்றாக முன்னேறுகிறார், சிரமத்துடன் முன்னேறுகிறார் என்ற மூன்றில் ஒன்றுதான் குறிக்கப்படும். மூன்றாவது குறிக்கப்பட்டிருந்தால் பெப்ரவரி வரை காத்திராமல் உடனே ஆசிரியரோடு பேசுங்கள். அடுத்தது ஜனவரி 20க்கும் பெப்ரவரி 20க்கும் இடையில் வரும், கடைசியானது ஜூன் முடிவில்.

1 முதல் 6 வரை எழுத்துத் தரம், 7, 8இல் நூற்றுவீதம். 'பி' வந்ததும் பிள்ளையை ஏசும் வீடுகள் நம்மிடையே நிறைய. 'பி' என்பது மாகாணம் எதிர்பார்க்கும் தரத்தைப் பிள்ளை எட்டிவிட்டது என்பதற்கான அடையாளம். 'ஏ' அதையும் தாண்டியது. 'சி' தரத்தை நெருங்குகிறது, 'டி' அதற்கு நன்கு கீழே, 'ஆர்' வந்தால் மேலதிக உதவி தேவை. வகுப்பில் எத்தனையாம் பிள்ளை என்று போடும் வழக்கமே இங்கில்லை. இடையில் வந்து சேர்ந்த பிள்ளைக்கு 'ஐ' என்று வரலாம். தரம் சொல்ல ஆசிரியரிடம் போதிய சான்று இல்லை என்பதே அதன் பொருள், தோல்வி அல்ல. ஈஎஸ்எல் கட்டத்தில் அடையாளம் இருந்தால், ஆங்கிலம் கற்கும் பிள்ளைக்கென மாற்றியமைத்த எதிர்பார்ப்பை வைத்துத் தரப்பட்ட தரம் அது. அந்தக் கட்டத்தைப் பார்க்காமல் 'ஏ' என்று மகிழ்ந்துவிட்டால் பிள்ளை உண்மையில் எங்கே நிற்கிறது என்று தெரியாமல் போகும்.

பொறுப்பு, ஒழுங்கமைவு, தனித்து வேலை செய்தல், கூடி வேலை செய்தல், முன்முயற்சி, தன்னைத் தானே நெறிப்படுத்தல் என்ற ஆறு கற்றல் திறன்களுக்கும் ஈ, ஜி, எஸ், என் என்று தனித் தரம் உண்டு. 'ஈ' மிகச் சிறப்பு, 'என்' முன்னேற வேண்டும். சிறு வகுப்பில் பாடத் தரத்தைவிட இந்தப் பகுதியே பிள்ளையைப் பற்றி அதிகம் சொல்லும் என்பது எங்கள் எண்ணம்.

ஆசிரியரின் குறிப்புகள் மென்மையான நடையில் இருக்கும், உள்ளே இருக்கும் செய்தி மென்மையாக இருக்க வேண்டியதில்லை. "உதவியோடு பந்தி எழுதுகிறார்" என்று இருந்தால் தனியாக எழுத இன்னும் வரவில்லை. "கவனமாகக் கேட்கும்படி ஊக்குவிக்கப்படுகிறார்" என்றால் கேட்பதில்லை. ஒவ்வொரு குறிப்பிலும் 'அடுத்த படி' என்ன என்று தேடுங்கள். வீட்டில் நீங்கள் செய்யக்கூடியது அங்கேதான் இருக்கும்.

அறிக்கையை ஒட்டிப் பெற்றோர் சந்திப்பு நடக்கும். கிடைப்பது பெரும்பாலும் 10, 15 நிமிடம். இணையத்தில் நேரம் பிடிக்கச் சொல்வார்கள், மாலை நேரங்கள் முதலில் தீர்ந்துவிடும். ஆங்கிலம் கைகொடுக்காவிட்டால் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று குறைந்தது ஒரு வாரம் முன்பே அலுவலகத்தில் கேளுங்கள். பிள்ளையையே மொழிபெயர்க்க வைக்காதீர்கள்: தன்னைப் பற்றிய குறையைத் தானே பெற்றோருக்குச் சொல்லும் சுமையை எந்தப் பிள்ளை மேலும் ஏற்றக் கூடாது. வாசிப்பில் எந்த நிலையில் நிற்கிறது, இடைவேளையில் யாரோடு விளையாடுகிறது, வீட்டில் ஒன்றே ஒன்று செய்வதென்றால் எதைச் செய்யலாம் என்று கேளுங்கள். செப்டெம்பரில் ஆசிரியரைச் சந்திக்கும் மாலை இதிலிருந்து வேறானது. அது எல்லாப் பெற்றோருக்கும் பொதுவானது, உங்கள் பிள்ளையைப் பற்றி விரிவாகப் பேச இடமிருக்காது.

3ஆம், 6ஆம் வகுப்புகளில் வாசிப்பு, எழுத்து, கணிதத்துக்கு ஈகியூஏஓ என்ற மாகாணச் சோதனை நடக்கும். அதன் முடிவு ரிப்போர்ட் கார்டில் சேராது. பெற்றோரும் பாடசாலையினரும் சேர்ந்திருக்கும் பாடசாலை மன்றத்தின் கூட்டம் ஆண்டில் குறைந்தது நான்கு முறை நடக்க வேண்டும் என்பது விதி. உறுப்பினராக இல்லாவிட்டாலும் போய் இருந்து கேட்கலாம்.

அறிக்கைகளின் பிரதிகள் ஒன்ராறியோ மாணவர் பதிவேடு என்ற கோப்பில் சேரும். பிள்ளைக்கு 18 வயதாகும் வரை அதைப் பார்க்கும் உரிமை பெற்றோருக்கு உண்டு. அதிபருக்கு எழுதிக் கேட்டு நேரம் வாங்குங்கள். ஒன்ராறியோவுக்குள் வீடு மாறினால் புதிய பாடசாலை கேட்டதும் அந்தக் கோப்பு அங்கே போகும். நாட்டிலிருந்து கொண்டுவந்த பழைய தேர்ச்சி அறிக்கைகள் உங்களிடம் இருந்தால், அவற்றின் மொழிபெயர்ப்பையும் அலுவலகத்தில் கொடுத்துக் கோப்பில் வைக்க முடியுமா என்று கேளுங்கள்.