அறிக்கையை இயந்திரத்திடம் விட்டு ஆட்களுக்கு நேரம் ஒதுக்குவது எப்படி? புதிய மேலாளர்களுக்கான செய்முறை

பத்துப் பன்னிரண்டு பேர் கொண்ட வாடிக்கையாளர் சேவைக் குழு ஒன்றுக்குப் புதிதாக மேலாளராகியிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். வாராந்திர அறிக்கை, கூட்டக் குறிப்பு, ஷிப்ட் அட்டவணை, மேலிடத்திலிருந்து வரும் மின்னஞ்சல்களுக்குப் பதில் என்று நாள் ஓடிவிடும்; குழுவில் யாருக்கு என்ன சிக்கல் என்பது, அவர் ராஜினாமா கடிதம் கொடுக்கும் அன்றுதான் தெரியவரும். சாட்ஜிபிடி, ஜெமினி, கோபைலட் போன்ற செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் இந்த எழுத்து வேலையில் கணிசமான பகுதியை ஏற்றுக்கொள்ளக்கூடியவை. எதை அவற்றிடம் கொடுப்பது, எதைக் கொடுக்கக் கூடாது, மிஞ்சும் நேரத்தை என்ன செய்வது என்பதைப் படிப்படியாகப் பார்ப்போம்.

படி 1: நேரம் எங்கே போகிறது என்று எழுதுங்கள்

ஒரு வாரத்துக்கு, செய்யும் ஒவ்வொரு வேலையையும் அதற்கு ஆன நேரத்தையும் ஒரு தாளில் குறித்து வாருங்கள். வார இறுதியில் அவற்றை எழுத்து வேலை, ஒருங்கிணைப்பு, ஆட்களோடு பேசியது என மூன்றாகப் பிரியுங்கள். முதல் பிரிவில் வாராவாரம் ஒரே வடிவத்தில் திரும்ப வரும் வேலை எதுவோ, அதிலிருந்துதான் தொடங்க வேண்டும். பெரும்பாலும் அது அறிக்கையாகத்தான் இருக்கும்.

படி 2: செயலியில் எதை ஒட்டக் கூடாது என்று முதலில் முடிவு செய்யுங்கள்

2023இல் சாம்சங் நிறுவனத்தின் பொறியாளர்கள் சிலர், நிறுவனத்தின் மென்பொருள் மூலநிரலைச் சாட்ஜிபிடியில் ஒட்டிய விவரம் வெளியே வந்தது. அதன்பின் இத்தகைய செயலிகளைப் பணியிடக் கணினிகளில் பயன்படுத்துவதற்கு அந்நிறுவனம் தடை விதித்தது. மேலாளரின் கையில் இருப்பதோ நிரலைவிட நுட்பமான சரக்கு: ஒருவரின் மருத்துவ விடுப்பு, சம்பளம், குடும்பச் சூழல். இந்தியாவில் 2023இல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், இத்தகைய விவரங்களைக் காக்கும் பொறுப்பை அவற்றைக் கையாளும் நிறுவனத்தின் மீதே வைக்கிறது. ஆகவே அலுவலகம் அனுமதித்த கணக்கை மட்டும் பயன்படுத்துங்கள். சொந்தக் கைப்பேசியில் இருக்கும் இலவசச் செயலி அலுவலக வேலைக்கு வேண்டாம். பெயர்களுக்குப் பதிலாக ‘ஊழியர் அ’, ‘ஊழியர் ஆ’ என்று இடுங்கள். உடல்நலம், சம்பளம், ஒழுங்கு நடவடிக்கை ஆகிய மூன்றும் எந்த வடிவிலும் உள்ளே போகக் கூடாது.

படி 3: வாராந்திர அறிக்கையைக் கொடுங்கள்

வெறுமனே ‘அறிக்கை எழுது’ என்று கேட்டால், எந்த அலுவலகத்துக்கும் பொருந்தும் பூசி மெழுகிய வாசகங்களே கிடைக்கும். யாருக்கு, எவ்வளவு நீளத்தில், எந்த வரம்புக்குள் என்பதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். இதை அப்படியே எடுத்துப் பயன்படுத்தலாம்:

“கீழே உள்ளவை என் குழுவின் இந்த வாரக் குறிப்புகள். என் மேலதிகாரிக்கு அனுப்ப 150 சொற்களுக்குள் ஓர் அறிக்கை எழுது. குறிப்பில் இல்லாத எண்ணையோ காரணத்தையோ சேர்க்காதே. தெளிவில்லாத இடங்களை எனக்கான கேள்விகளாகக் கடைசியில் தனியே கொடு.”

மூன்றாவது வாக்கியம்தான் இதில் முக்கியமானது. உங்கள் குறிப்பில், “செவ்வாய், புதன் இரு நாளும் நிலுவைப் புகார்கள் கூடின, புதனன்று இருவர் விடுப்பு” என்று இருக்கிறது என்று கொள்வோம். கட்டுப்பாடு ஏதும் இல்லாதபோது, “இருவர் விடுப்பில் சென்றதால் நிலுவை கூடியது” என்று செயலி எழுதிவிடக்கூடும். படிக்கச் சரளமாக இருக்கும். ஆனால் செவ்வாயன்று எல்லோரும் வேலையில் இருந்தார்கள். அன்றும் நிலுவை கூடியது. சரிபார்க்காமல் அனுப்பினால், முறைப்படி விடுப்பு எடுத்த இருவர் மேலிடத்தின் பார்வையில் காரணகர்த்தாக்களாகிவிடுவார்கள். அப்படி எழுதப்பட்டது அவர்களுக்குத் தெரியக்கூட வராது. எண்கள் சரியா என்று பார்ப்பதோடு நில்லாமல், ‘ஆல்’, ‘காரணமாக’, ‘எனவே’ என்று வரும் ஒவ்வோர் இடத்திலும் நிறுத்தி, அந்தக் காரணம் உங்கள் குறிப்பில் உண்டா என்று பாருங்கள். வரம்பு சொல்லியிருந்தாலும் இந்தச் சோதனையை விடக் கூடாது.

படி 4: கூட்டக் குறிப்பு

கூகுள் மீட், மைக்ரோசாஃப்ட் டீம்ஸ் ஆகியவற்றின் சில கட்டணத் திட்டங்களில், பேச்சைக் கேட்டுக் குறிப்பெடுத்துத் தரும் வசதி இருக்கிறது. தொடங்கும் முன் எல்லோரிடமும் சொல்லி ஒப்புதல் பெறுங்கள். தமிழும் ஆங்கிலமும் கலந்து பேசும் நம் கூட்டங்களில் பெயர்களும் தேதிகளும் தவறாகப் பதிவாக வாய்ப்பு அதிகம் என்பதால், ‘யார், எதை, எந்தத் தேதிக்குள்’ என்ற வரிகளையாவது நீங்களே சரிபார்க்க வேண்டும். இருவர் மட்டும் தனியாகப் பேசும் சந்திப்பில் இந்த வசதியை அணைத்துவிடுங்கள். பதிவாகிறது என்று தெரிந்தால் யாரும் மனம்விட்டுப் பேசமாட்டார்கள்.

படி 5: மிஞ்சிய நேரத்தை உடனே கேலண்டரில் பூட்டுங்கள்

பலர் தவறவிடும் படி இதுதான். மிச்சமான நேரத்தைச் சும்மா விட்டால் அங்கே இன்னொரு கூட்டம் வந்து உட்கார்ந்துகொள்ளும். அதன்பின் இயந்திரத்தால் லாபம் அடைந்தது அறிக்கைகளின் எண்ணிக்கை மட்டும்தான். ஆகவே அறிக்கை வேலையைக் கைமாற்றிய அதே வாரத்தில், குழுவின் ஒவ்வொருவருக்கும் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அரை மணி நேரம் என்று கேலண்டரில் குறித்து, அவசரக் கூட்டம் வந்தாலும் அதை ரத்து செய்யாமல் வேறு நாளுக்கு மட்டும் மாற்றுங்கள்.

இது வெறும் நல்லெண்ணப் பேச்சு அன்று. 2008இல் தொடங்கிய ‘ப்ராஜெக்ட் ஆக்சிஜன்’ ஆய்வில், நல்ல மேலாளரின் இயல்புகள் எவை என்று கூகுள் நிறுவனம் தன் சொந்த மேலாளர்களிடமே தேடியது. கிடைத்த எட்டு இயல்புகளில், ஆட்களைப் பயிற்றுவித்து வளர்ப்பது முதலிடத்தில் இருந்தது. தொழில்நுட்பத் திறன் கடைசி இடத்தில் இருந்தது. பொறியாளர்கள் நிறைந்த நிறுவனத்திலேயே முடிவு இப்படி வந்தது.

சந்திப்புக்குத் தயாராகவும் செயலியைப் பயன்படுத்தலாம். பெயர் நீக்கிய குறிப்பைக் கொடுத்து, “ஆம், இல்லை என்று முடிந்துவிடாத ஐந்து கேள்விகள் கொடு” என்று கேளுங்கள். ‘வேலை எல்லாம் சரியாகப் போகிறதா?’ என்பதற்கு ‘சரிங்க சார்’ என்பதைத் தவிர வேறு பதில் வராது. ‘இந்த வாரம் எந்த அழைப்பை முடிக்க ரொம்பச் சிரமப்பட்டீர்கள்?’ என்றால் பேச்சு நீளும். கேள்விப் பட்டியலைச் சந்திப்புக்கு முன் படித்துவிட்டு மடித்து வைத்துவிடுங்கள். எதிரே இருப்பவர் சொல்வதைப் பொறுத்தே அடுத்த கேள்வி அமைய வேண்டும்.

படி 6: உதவியைக் குழுவுக்கும் நீட்டுங்கள்

எரிக் பிரின்யோல்ஃப்சன், டேனியல் லீ, லிண்ட்சே ரேமண்ட் ஆகிய பொருளியல் ஆய்வாளர்கள் 2023இல் வெளியிட்ட ஆய்வு, ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர் சேவை ஊழியர்களின் தரவை எடுத்துக்கொண்டது. பதில்களைப் பரிந்துரைக்கும் செயற்கை நுண்ணறிவுக் கருவி தரப்பட்டவர்களிடம், ஒரு மணி நேரத்தில் தீர்க்கப்பட்ட சிக்கல்கள் சராசரியாக 14 விழுக்காடு கூடின. புதியவர்களிடம் அந்த உயர்வு ஏறத்தாழ 34 விழுக்காடு, அனுபவசாலிகளிடம் மிகக் குறைவு. ‘உங்கள் மேலாளரைக் கூப்பிடுங்கள்’ என்று வாடிக்கையாளர் கேட்பதும் குறைந்தது. உங்கள் குழுவில் அத்தகைய கருவி வருமானால், முதலில் புதிதாகச் சேர்ந்தவர்களின் கையில் கொடுங்கள்.

படி 7: இவற்றை மட்டும் கொடுக்க வேண்டாம்

ஆண்டு மதிப்பீட்டு மதிப்பெண்ணை இயந்திரம் தீர்மானிக்கக் கூடாது. பழைய தரவில் உள்ள ஓரவஞ்சனையை அது அப்படியே கற்றுக்கொள்ளும். அமேசான் நிறுவனம் சோதித்த ஆள்தேர்வுக் கருவி, பெரும்பாலும் ஆண்களிடமிருந்து வந்திருந்த பழைய விண்ணப்பங்களைக் கொண்டு பயின்றதால் பெண்களின் விண்ணப்பங்களைத் தாழ்த்தியது. அது கைவிடப்பட்ட செய்தி 2018இல் வெளியானது. ஊழியரின் முகத்தையோ குரலையோ வைத்து உணர்ச்சியைக் கணிப்பதாகச் சொல்லும் கருவிகளையும் தொடாதீர்கள். மருத்துவம், பாதுகாப்பு ஆகிய காரணங்கள் நீங்கலாக, பணியிடங்களில் அவற்றை ஐரோப்பிய ஒன்றியம் 2025 பிப்ரவரி முதல் தடை செய்திருக்கிறது. பாராட்டுக் கடிதமும் இரங்கல் செய்தியும் உங்கள் சொந்த வார்த்தைகளில் இரண்டே வரிகளாக இருந்தாலும் போதும். செயலி எழுதிய அழகான பத்தியைப் படிப்பவர் எளிதில் கண்டுபிடித்துவிடுவார்.

எந்த வேலைக்கு எந்தச் செயலியைப் பயன்படுத்துகிறீர்கள், யாருடைய விவரம் அதற்குள் போவதில்லை என்பதைக் குழுக் கூட்டத்தில் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். ஒரு மாதம் கழித்து முதல் படியில் செய்த நேரக் கணக்கை மறுபடியும் எடுங்கள். ஆட்களோடு பேசியது என்ற மூன்றாவது பிரிவு வளரவில்லையென்றால் புதிய செயலியைத் தேட வேண்டியதில்லை. கேலண்டரில் அந்த அரை மணி நேரங்களின் மேல் எந்தக் கூட்டம் ஏறி உட்கார்ந்தது என்று பாருங்கள்.